உங்கள் தம்பியிடமிருந்து என் சமையலறையை மீட்டுத் தரவும்

அன்பும் மரியாதையும் மிக்க அண்ணிக்கு,

உங்கள் தம்பி மனைவி எழுதுவது. இங்கே உங்கள் தம்பி, மகள், நான் மூவரும் நலம். இருபது நாளைக்கு முன்னால் இந்த வரியை எழுதக் கை வந்திருக்காது, அதைப் பிறகு சொல்கிறேன். அங்கே நீங்களும் அண்ணனும் முழங்கால் வலி அதிகம் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசாமல் இது என்ன கடிதம் என்று யோசிப்பீர்கள். எங்கள் வீட்டில் போனில் சத்தம் தெளிவாகக் கேட்கிற இடம் கூடம் மட்டும்தான். கூடத்தில் பேசினால் சமையலறையில் கேட்கும். சமையலறையில் இப்போது யார் நிற்கிறார் என்பதுதான் இந்தக் கடிதத்தின் விஷயமே. அதனால் நான் வேலை பார்க்கும் மருந்துக் கடையில் மதியம் கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து உட்கார்ந்து எழுதுகிறேன். நடுவில் யாராவது இருமல் மருந்து கேட்டு வந்தால் கையெழுத்து கோணும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊரடங்கு என்றதும் உங்கள் தம்பி வேலை பார்க்கும் டிரைவிங் ஸ்கூலை மூடிவிட்டார்கள். மருந்துக் கடையை மூட முடியாது. ஆகவே காலை எட்டு மணிக்குப் போய் மாலை ஆறு மணிக்கு வருவது என் வேலை, வீட்டில் இருப்பது அவர் வேலை என்று ஆகிவிட்டது. முதல் நான்கு நாள் நான் விடியற்காலையில் எழுந்து சமைத்து வைத்துவிட்டுத்தான் போனேன். ஐந்தாம் நாள் கடைக்கு எதிரே குடியிருப்பவருக்குத் தொற்று என்று தெரிந்தது. அன்று மாலை நான் குளித்து உடை மாற்றிக்கொண்டு வந்து பார்த்தால், சமையலறை வாசலில் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு. சாக்பீஸ் என்று நினைக்காதீர்கள், பெயின்ட். சிக்னலில் வண்டியை நிறுத்துவதற்குப் போடுவார்களே, அதே அகலம், அதே வெள்ளை. கோட்டுக்கு அந்தப் பக்கம் உங்கள் தம்பி கரண்டியோடு நின்றார்.

“நீ நாள் முழுக்க நோயாளிங்க நடுவுல நிக்கறவ. இந்தக் கோட்டைத் தாண்டாத. சமையல் இனிமே என் பொறுப்பு,” என்றார்.

இருபத்து மூன்று வருடத்தில் அவர் அடுப்பைப் பற்றவைத்து நான் பார்த்ததில்லை. ஒரு முறை நான் காய்ச்சலில் படுத்துக் கிடந்தபோது வெந்நீர் வைக்கச் சொன்னேன், கொதித்துவிட்டதா என்று விரலை விட்டுப் பார்த்த மனிதர். அவர் சமைக்கிறேன் என்றால் சந்தோஷப்பட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். பட்டேன் அண்ணி. சரியாக ஒன்பது நாள் பட்டேன். அந்த ஒன்பது நாளும் சோறு கூழாக வந்தது, பருப்பு பாத்திரத்தோடு ஒட்டிக்கொண்டு வெளியே வர மறுத்தது, பால் பொங்கும்போதெல்லாம் அவர் அடுப்பை அணைக்காமல், கற்றுக்கொள்கிறவர்கள் எதிலாவது மோதப் போகும்போது தன் பக்கத்து பிரேக்கை அழுத்துவாரே, அது மாதிரி வலது காலால் தரையை அழுத்திக்கொண்டு நின்றார். நான் கோட்டுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து, முகக்கவசத்துக்குள் சிரித்துக்கொண்டிருந்தேன்.

பத்தாம் நாள் மாலை நான் தெருமுனை திரும்பும்போதே ஒரு வாசனை வந்தது. யார் வீட்டிலோ நன்றாகச் சமைக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். அது எங்கள் வீடு. பீன்ஸும் தக்காளியும் வைத்து ஏதோ செய்திருந்தார். நான் இரண்டு தட்டு சாப்பிட்டேன், பொய் சொல்லக் கூடாது. மகள் தட்டை வழித்து விரலை நக்கினாள். என் சமையலுக்கு அவள் போனிலிருந்து தலை நிமிர்ந்தாலே பெரிய விஷயம் என்று இருந்தவள் நான். அவளோ என்னைப் பார்த்து, “அம்மா, நீ ஏன் இத்தனை வருஷமா இதுல இஞ்சி போடல?” என்று கேட்டாள். ரொம்பச் சாதாரணமாகத்தான் கேட்டாள். ஆனால் கேட்டுவிட்டாள்.

அன்றிலிருந்து எனக்கு வயிறு நிறைந்தது, வயிற்றெரிச்சலும் நிறைந்தது. கடைக்குச் சாமான் வாங்கப் போவதும் அவர் கைக்குப் போய்விட்டது. முன்பெல்லாம் வேலை முடிந்து வரும்போது மார்க்கெட்டுக்குள் நுழைந்து, ஒவ்வொரு பீன்ஸாக ஒடித்துப் பார்த்து, தக்காளியை மூன்று கடையில் அமுக்கிப் பார்த்து வாங்கி வருவேன். அந்த மார்க்கெட்டில் பாதிப் பேருக்கு என்னைக் கண்டால் ஆகாது, அதில் எனக்கு ஒரு பெருமை. மார்க்கெட்டை மூடிவிட்டதால் காலை ஏழரைக்குத் தெருவுக்கே காய்கறி வண்டி வரத் தொடங்கியது. உங்கள் தம்பி எதையும் ஒடித்துப் பார்ப்பதில்லை. வண்டிக்காரம்மாவிடம் இன்றைக்கு எது நல்லா இருக்கு என்று கேட்பார், அவ்வளவுதான். அந்தம்மா அவருக்கென்று சாக்குக்கு அடியில் தனியாக எடுத்து வைத்திருந்து பிஞ்சுக் காயாகக் கொடுக்கிறாள். இருபத்து மூன்று வருடம் சண்டை போட்டு எனக்குக் கிடைக்காத பிஞ்சு, ஒரு கேள்வியில் அவருக்குக் கிடைக்கிறது. மாவுக்கு மட்டும் தட்டுப்பாடு, ஆளுக்கு இரண்டு பாக்கெட்தான் என்றார்கள். மகளையும் தனி வரிசையில் நிற்க வைத்து வாங்கிச் சேர்த்ததில் என் கட்டிலுக்கு அடியில் பதினோரு பாக்கெட் மாவு இருக்கிறது. திரும்பிப் படுத்தால் தும்மல் வருகிறது.

அந்த மாவில் ரொட்டி சுட ஆரம்பித்தார். மகள் அதைப் போட்டோ எடுத்துத் தெருப் பெண்கள் வைத்திருக்கும் போன் குரூப்பில் போட்டாள். உடனே அவரையும் அதில் சேர்த்துக்கொண்டார்கள், முப்பத்தொரு பெண்களுக்கு நடுவில் ஒரே ஆண். ஸ்டீயரிங் பிடிக்கச் சொல்லிக் கொடுக்கிறவர் என்பதால் தெருவில் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள், இப்போது அதே பெயர் சமையலுக்கும் சரியாகப் பொருந்திவிட்டது. மாஸ்டர் மாவு எவ்வளவு நேரம் ஊறணும், மாஸ்டர் என் ரொட்டி ஏன் கல்லு மாதிரி இருக்கு. இவரும் பொறுமையாக, அவசரப்படாதீங்க, மெதுவா விடுங்க என்று குரலிலேயே பதில் அனுப்புகிறார். நானும் அந்தக் குரூப்பில் மூன்று வருடமாக இருக்கிறேன் அண்ணி. ஒரு தடவை சூப் செய்யும் முறையை எழுதிப் போட்டேன். அதற்கு அடியில் ஒருவர் தண்ணீர் எப்போது வரும் என்று கேட்டிருந்தார்.

மாடி வீட்டுத் தையல்காரம்மாவைச் சொல்லாமல் விட்டால் கடிதம் முழுமையாகாது. அவர் பால்கனியிலிருந்து கயிற்றில் கூடையை இறக்குவார், உங்கள் தம்பி சூடான ரொட்டியை வைப்பார், கூடை மேலே போகும். மறுநாள் அதே கூடையில் பூப்போட்ட துணியில் தைத்த ஒரு ஏப்ரன் இறங்கி வந்தது, அளவு கச்சிதம். அவருக்கு எழுபது வயது, சந்தேகம் கிந்தேகம் ஒன்றும் இல்லை. ஆனால் போன வருடம் நான் கொடுத்த ரவிக்கை கை இறுக்கமாக இருக்கிறது என்று இரண்டு முறை திருப்பிக் கொடுத்தும் சரியாகவில்லை. அளவெடுக்காமலே உங்கள் தம்பியின் இடுப்பு அளவு மட்டும் எப்படிச் சரியாக வந்தது என்றுதான் கேட்கிறேன்.

இனி எழுதப் போவது உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கு விடுமுறை. தையல்காரம்மாவுக்கு உடம்பு அலுப்பு என்று அவருக்கும் சேர்த்து உங்கள் தம்பி பெரிய பாத்திரத்தில் சூப் வைத்தார். நடுவில் போன் வந்து கூடத்துக்குப் போனார். நான் கோட்டைத் தாண்டினேன். மூன்று கரண்டி உப்பை அள்ளிப் போட்டுக் கலக்கிவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். ஒரே ஒரு நாள் அவர் சமையல் கெட்டுப்போனால் போதும் என்பதுதான் என் ஆசை, வேறு கெட்ட எண்ணம் இல்லை.

அவர் வந்து ஒரு கரண்டி எடுத்து ஊதிக் குடித்தார். கொஞ்சம் யோசித்தார்.

“உப்பு பத்தல,” என்று சொல்லி இன்னும் ஒரு கரண்டி போட்டார்.

என்னைக் கிண்டல் செய்கிறார், பார்த்துவிட்டார் என்று நினைத்தேன். ஆனால் மகளுக்கு ஒரு கிண்ணம் ஊற்றிக் கொடுத்தார், அவள் வாயில் வைத்ததும் குளியலறைக்கு ஓடினாள். இவர் கரண்டியோடு திகைத்து நின்று, “நல்லாத்தானே இருக்கு?” என்கிறார். நாள் முழுக்கக் கடையில் நின்று, வாசனை தெரியலையா, ருசி தெரியலையா என்று வருகிறவர்களைக் கேட்டு அனுப்புகிறவள் நான். கைப்பையிலிருந்து தலைவலித் தைலத்தை எடுத்துத் திறந்து அவர் மூக்குக்கு நேரே நீட்டி, இது என்ன வாசனை என்று கேட்டேன்.

“எது?” என்றார்.

பரிசோதனையில் அவருக்குத் தொற்று இருக்கிறது என்று வந்தது. மகளுக்கு இல்லை, எனக்கும் இல்லை. கோடு போட்டவருக்கு வந்தது, கோட்டுக்கு வெளியே நிறுத்தப்பட்டவளுக்கு வரவில்லை. இவ்வளவு சீக்கிரம் எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று டாக்டர் என்னைப் பாராட்டினார். அந்தப் பாராட்டை நான் மறுக்கவில்லை. அது மட்டும் தெரியாமல் போயிருந்தால் மறுநாள் காலை வண்டிக்காரம்மாவுக்கும் நாலைந்து வீட்டுக்கும் ரொட்டி கொண்டுபோயிருப்பார் என்பதை நினைத்தால் இப்போதும் உள்ளங்கை வியர்க்கிறது. உங்களுக்கு அப்போதே சொல்லவில்லை என்று கோபிக்காதீர்கள், சொல்ல வேண்டாம் என்று அவர்தான் கேட்டுக்கொண்டார்.

அவர் உள் அறையில், கதவு சாத்தியிருந்தது. எனக்குக் கடையில் பதினான்கு நாள் விடுப்பு. சமையலறை என் கைக்கு வந்தது. உள்ளே போனால் எதுவும் இருந்த இடத்தில் இல்லை. டப்பாக்களில் எல்லாம் அவர் கையெழுத்தில் சீட்டு. மிளகாய்த்தூள் டப்பாவில் ‘மெதுவாகச் செல்லவும்’ என்று எழுதி ஒட்டியிருக்கிறார். எல்லாவற்றையும் கிழித்துப் போட்டுவிட்டு, எனக்குத் தெரிந்ததிலேயே நல்லதாக ஒவ்வொரு வேளையும் சமைத்தேன். இஞ்சியும் போட்டேன். தட்டை வாசலில் வைத்துவிட்டு, கதவுக்கு வெளியே நின்று எப்படி இருக்கு என்று கேட்பேன். “சூடா இருக்கு,” என்று பதில் வரும். தினமும் அதே பதில். இத்தனை வருடத்தில் அவரை ஜெயிக்க எனக்குக் கிடைத்த ஒரே போட்டி, அதில் நடுவருக்கு நாக்கு இல்லை.

மேலிருந்து கூடை தினமும் இறங்கியது, சீட்டுச் சீட்டாக. மாஸ்டர் சீக்கிரம் எழுந்து வரணும், மாஸ்டர் இல்லாமல் குரூப்பே களையிழந்துவிட்டது. அவருக்கு யார் சமைத்துப் போடுகிறார்கள் என்று ஒரு சீட்டிலும் இல்லை.

ஆறாம் நாள் மதியம் விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கிற கருவியில் எண் தொண்ணூற்றிரண்டுக்கு இறங்கியது. டாக்டர் போனில், குப்புறப் படுக்கச் சொல்லுங்கள், இன்னும் இறங்கினால் அழைத்து வாருங்கள் என்றார். நான் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுகிற சத்தம் கேட்கக் கூடாது என்றுதான் வாயைப் பொத்தியிருந்தேன், எப்படியோ கேட்டிருக்கிறது.

“பயப்படாத. பிரேக் என் கால்ல இருக்கு,” என்றார் உள்ளேயிருந்து, மூச்சு வாங்கிக்கொண்டே.

முதல் நாள் வண்டி ஓட்ட வருகிறவர்கள் எல்லோரிடமும் அவர் சொல்வது இது. எத்தனை நூறு பேருக்குச் சொல்லியிருப்பார், எத்தனை பேர் அதைக் கேட்டுத் தைரியமாக ஓட்டியிருப்பார்கள். எனக்குச் சொன்னது அன்றுதான் முதல் தடவை. அந்த நேரத்திலும் எனக்கு அவர்கள் எல்லோர் மேலும் பொறாமையாக இருந்தது, என்ன ஜென்மம் நான் என்று நீங்களே சொல்லுங்கள். சாயங்காலம் எண் ஏறியது.

பதின்மூன்றாம் நாள் வாசலில் தட்டை வைத்துவிட்டுத் திரும்பினேன். கதவுக்குப் பின்னாலிருந்து, “உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கு,” என்றார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பாதி சந்தோஷத்தில், பாதி கோபத்தில்.

மறுவாரமே பூப்போட்ட ஏப்ரனைக் கட்டிக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டார். நான் கடைக்கு வந்துவிட்டேன். கோட்டுக்கு இன்னொரு பூச்சு பூசியிருக்கிறார். அதனால் அண்ணி, உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்வது இதுதான். அவர் உங்கள் பேச்சை மட்டும்தான் கேட்பார். போனில் கூப்பிட்டு, ஆம்பளை வீட்டில் அடைந்து கிடந்தது போதும், ஸ்கூல் திறந்ததும் வேலைக்குப் போ, அவள் சமையலறையை அவளிடம் கொடு என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். நான் எழுதியதாகத் தெரிய வேண்டாம்.

அண்ணனுக்கு என் வணக்கம். நீங்கள் இருவரும் வேளைக்குச் சாப்பிட்டு, நல்லபடியாகத் தூங்கி, எங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

என்றும் உங்கள் அன்புக்குரிய,
தம்பி மனைவி

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது டிரைவிங் ஸ்கூல் முதலாளியே கடைக்கு வந்துவிட்டார். மாஸ்டரைத் திங்கட்கிழமையிலிருந்து அனுப்புங்கள், கற்றுக்கொள்ள ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள் என்றார். கண்ணாடி ஏற்றிய காருக்குள் முன்பின் தெரியாதவர்களோடு நாள் முழுக்க உட்கார வேண்டும். அவருக்கு இன்னும் மூச்சு வாங்குகிறது, மூன்று மாதம் வெளியே அனுப்பக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று சொல்லிவிட்டேன். எந்த டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை. ஆகவே மேலே எழுதியதை விட்டுவிடுங்கள். போன் செய்தால், வீட்டிலேயே இரு, அவசரப்படாதே என்று மட்டும் சொல்லுங்கள். இன்று எலுமிச்சை கேக் செய்கிறேன் என்று காலையில் சொன்னார். ஓரத்தில் மொறுமொறுவென்று இருக்கிற துண்டை மகள் எனக்கு வைக்காமல் தின்றுவிடுவாள். அதனால் இன்று கடையைக் கால் மணி நேரம் முன்னாலேயே சாத்தச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.