எஞ்சினுக்குப் பல் வைத்தியம்

பலகை ஆடியது. அதன்மேல் இருந்த சிலிண்டர் ஹெட்டும் ஆடியது. இரண்டையும் அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்த பல் டாக்டரும் சேர்ந்து ஆடினார்.

"இந்தக் காய் வெட்டுற பலகையோட மூலையை அறுத்தது யாரு?" என்று சாப்பாட்டு மேஜையிலிருந்து கத்தினார்.

"நான்தான்," என்றாள் மனைவி, அடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"எதுக்கு அறுத்தே?"

"தேவைப்பட்டுச்சு, அறுத்தேன்."

"நல்ல பலகையைப் போய் யாராவது தீப்பெட்டி அளவுக்கு மூலையில அறுத்து எடுப்பாங்களா?"

"சாப்பிடுற மேஜையில யாராவது எஞ்சினைக் கொண்டுவந்து போடுவாங்களா?"

பதில் கிடைக்காதபோது வழக்கமாகச் செய்வதையே டாக்டர் செய்தார். இன்னும் உரக்கக் கத்தினார். பலகைக்கு அடியில் மடித்த துணி ஒன்றைச் செருகிவிட்டு, கையில் பிடித்துக் குடையும் கிரைண்டரை முடுக்கினார். அந்தச் சத்தத்தில் அவர் கத்தியது அவருக்கே கேட்கவில்லை.

அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கிளினிக்கில் அவரை எதிர்த்து யாரும் பேசியதில்லை. பேச வேண்டியவர்கள் வாயைப் பிளந்துகொண்டு படுத்திருப்பார்கள், வாய்க்குள் அவர் கை இருக்கும். பதில் வராத இடத்தில் வருஷக்கணக்காகக் கத்திப் பழகிய மனிதர், பதில் வருகிற வீட்டிலும் ரோட்டிலும் திண்டாடினார்.

இப்போதைய கோபம் மச்சான்மேல். மச்சான் என்றால் மனைவியின் தம்பி. மேட்டு ரோட்டின் உச்சியில் மாமனார் வீடு. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு குடும்பமும் அங்கே போகும். அடிவாரத்து ரயில்வே கேட் திறந்ததும் இரண்டு காரும் ஒன்றாகக் கிளம்பும். முன்பெல்லாம் டாக்டர்தான் முதலில் போய்ச் சேருவார். இப்போது சில மாதமாக மச்சான் ஹாரனை ஒரு தட்டுத் தட்டிவிட்டு முந்துகிறான். இவர் போய்ச் சேரும்போது அவன் வாசலில் பல் குத்திக்கொண்டு நிற்பான்.

"என்ன அத்தான், வண்டியில வந்தீங்களா, இல்ல நடந்தே வந்துட்டீங்களா?"

சாப்பாடு தொண்டையில் இறங்குமா?

வண்டிக்கு இந்த இளைப்பு எப்போது வந்தது என்று டாக்டருக்கு நன்றாகத் தெரியும். போன வருஷம் ஒரு பால் வண்டிக்காரன் பின்னாலிருந்து ஹாரன் அடித்துவிட்டான். அவனை முன்னே விட்டு, பிறகு துரத்திக்கொண்டு போய், பக்கத்தில் மனைவி அலற அலற வண்டியைச் சாக்கடையில் இறக்கினார் டாக்டர். அவருக்குக் கீறல்கூட இல்லை. அவளுக்கு நெற்றியில் தையல். "இனிமே உங்க வண்டியில கால் வைக்க மாட்டேன்" என்று அவள் சொன்னாள். ஆனால் வண்டி பட்டறையிலிருந்து திரும்பியதும் அவளே அதைக் கழுவினாள், புது ரப்பர் கால்மிதி வாங்கிப் போட்டாள், ஒன்றும் நடக்காததுபோல முன் சீட்டில் வந்து உட்கார்ந்துகொண்டாள். முன்பு "மெதுவா, மெதுவா" என்று கதவைப் பிடித்துக்கொண்டு கூவியவள் இப்போது வழி நெடுக நிம்மதியாகத் தூங்கினாள்.

அவள் மன்னித்துவிட்டாள் என்று டாக்டர் நினைத்தார். வண்டிதான் மன்னிக்கவில்லை என்றும் நினைத்தார்.

அதனால்தான் புது சிலிண்டர் ஹெட். எஞ்சினின் மண்டை அதுதான். காற்றும் பெட்ரோலும் உள்ளே போக ஒரு வழி, புகை வெளியே வர ஒரு வழி. உதிரிபாகக் கடையில் மாற்றாகக் கிடைத்த சாதாரண ஹெட்டின் வழிகளுக்குள், வாய்க்குள் விடும் சின்னக் கண்ணாடியை விட்டுப் பார்த்தார். வார்ப்பின்போது உறைந்த மேடும் பள்ளமுமாக உள்ளே சொரசொரவென்று இருந்தது.

"சொத்தைப் பல்லு தோத்துச்சு! இதுக்குள்ள காத்து எப்படிப் போகும்? வழியைக் குடைஞ்சு பெருசு பண்ணி, வழவழன்னு தேய்ச்சா எஞ்சின் நல்லா மூச்சு விடும். பல்லைக் குடைஞ்ச கைக்கு இதெல்லாம் ஒரு வேலையா?"

"பல்லைக் குடைஞ்சா சாப்பாட்டு மேஜையில தூள் விழாது," என்றாள் மனைவி. கழுவி வைத்த தட்டுகளின்மேல் அலுமினியத் தூள் மின்னியது. அவளுக்கும் கோபம்தான். அவள் கோபம் கத்தாது, பாத்திரத்தை மட்டும் கொஞ்சம் அழுத்தி வைக்கும்.

குடைந்த ஹெட் லேத் பட்டறைக்குப் போனது. பட்டறைக்காரர் வால்வுகளைப் பதித்து, எல்லாவற்றையும் வண்டியில் பூட்டிக் கொடுத்தார். டாக்டர் சொன்ன எல்லாவற்றுக்கும் "ஆமாங்க டாக்டர்" என்றார். காரணம் இருந்தது. பட்டறைக்காரரின் கடைவாய்ப் பல்லுக்கு டாக்டரிடம் வைத்தியம் நடந்துகொண்டிருந்தது. வேரைத் திறந்து, தற்காலிகமாக அடைத்து வைத்திருந்தார் டாக்டர். பாதியில் இருக்கிற பல்லை வைத்துக்கொண்டு யார் வாதம் பண்ணுவார்கள்?

ஞாயிற்றுக்கிழமை கேட் திறந்தது. டாக்டர் மிதித்தார். வண்டி முன்னைவிட மோசமாக முனகியது. வழி பெரிதானதால் மெதுவாகப் போகும்போது இருந்த கொஞ்சநஞ்ச இழுவையும் போய்விட்டது. மச்சான் ஹாரனைத் தட்டிவிட்டுப் போனான்.

"அத்தான், அடுத்த வாரம் சனிக்கிழமையே கிளம்பிடுங்க," என்றான் சாப்பாட்டின் நடுவே. மாமனார் சிரித்துவிட்டார். மாமியார் சிரிப்பை அடக்கப் போய் அவருக்குப் புரையேறியது.

டாக்டர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. எச்சில் கையோடு எழுந்து நின்றார்.

"எல்லாரும் கேட்டுக்குங்க! வர்ற ஞாயித்துக்கிழமை நான் முதல்ல வந்து சேரலைன்னா, அந்த வண்டியை அன்னைக்கே வித்துடுறேன். அதுக்கப்புறம் ஸ்டியரிங்கைத் தொட மாட்டேன். பஸ்லதான் போவேன்!"

அந்த வண்டி என்றால் அவருக்கு உயிர். கத்தாமல் அவர் பேசுகிற ஒரே ஜீவன் அதுதான். ஆனால் வாயிலிருந்து வந்த வார்த்தையைத் திரும்ப விழுங்க அவர் கோபம் விடவில்லை.

மறுபடி ஹெட்டைக் கழற்றி மேஜைக்குக் கொண்டுவந்தார். "வழி இன்னும் பத்தலை," என்று பல்லைக் கடித்துக்கொண்டு குடைந்தார். மச்சானின் முகத்தை நினைத்து ஓர் அழுத்து அழுத்தினார். கிரைண்டர் ஹெட்டின் உள்சுவரைத் துளைத்துக்கொண்டு, எஞ்சினைக் குளிர வைக்கும் தண்ணீர் ஓடும் அறைக்குள் போய் நின்றது.

"ஓட்டையா?" என்றாள் மனைவி.

"ஓட்டை இல்ல, துவாரம்!"

துவாரத்தைப் பட்டறைக்காரர் பற்றவைத்து அடைத்தார். அந்தச் சூட்டில் ஹெட் வளைந்தது. வளைவை எடுக்க அடிப்பக்கத்தைச் சீவினார்கள். சீவியதில் ஹெட் மெலிந்து, எஞ்சினுக்குள் அழுத்தம் எகிறியது. மேட்டில் ஏறும்போது யாரோ சுத்தியலால் உள்ளிருந்து தட்டுவதுபோல டக்டக்கென்று சத்தம். சத்தத்தை நிறுத்த உயர்ந்த ரகப் பெட்ரோலாகப் பார்த்து ஊற்றினார் டாக்டர். சத்தம் நின்றது. வேகம் மட்டும் வரவில்லை.

அந்த வாரம் கிளினிக் பக்கம் போனவர்கள் பாவம். "காத்து உள்ள போகுதில்ல? அப்புறம் ஏன் இழுக்கல? சொல்லுங்க, ஏன் இழுக்கல?" என்று டாக்டர் கேட்க, வாயில் பஞ்சோடு படுத்திருந்த பாங்க் மேனேஜர் கண்ணாலேயே மன்னிப்புக் கேட்டார்.

சனிக்கிழமை பட்டறைக்காரர் தலையைச் சொறிந்தார்.

"டாக்டர், தப்பா எடுத்துக்காதீங்க. கார்புரேட்டர்ல காத்து வழி முழுசாத் திறக்குதான்னு ஒருக்கா பாத்துடலாமா? நீங்க உள்ள உக்காந்து..."

"என்னய்யா, எனக்கே பாடம் நடத்துறியா?" டாக்டர் பானட்டைத் திறந்தார். பெடலிலிருந்து கார்புரேட்டரில் வந்து சேரும் வயரைக் கையாலேயே பிடித்து இழுத்தார். "பாரு! திறக்குதா?"

"திறக்குதுங்க."

"முழுசாத் திறக்குதா?"

"முழுசாத்தாங்க. ஆனா உள்ள உக்காந்து..."

"பல்லு எப்படி இருக்கு?" என்றார் டாக்டர்.

பட்டறைக்காரரின் நாக்கு தானாகக் கடைவாய்க்குப் போய்த் தற்காலிக அடைப்பைத் தடவிப் பார்த்தது.

"சரிங்க டாக்டர்," என்று பானட்டை மூடினார்.

ஞாயிற்றுக்கிழமை. கேட் திறந்தது. டாக்டர் கால் நோக மிதித்தார், பெடல் இதற்குமேல் இறங்காது என்கிற மட்டும் மிதித்தார். மச்சான் ஹாரனைத் தட்டிவிட்டுப் போனான். பாதி மேட்டில் இன்னொரு ஹாரன் கேட்டது. அதே பால் வண்டி. அதுவும் முந்தியது. பின்னால் அடுக்கியிருந்த கேன்கள் டாக்டரைப் பார்த்து மேடு முழுக்கக் கலகலவென்று சிரித்துக்கொண்டே போயின.

"இளைச்சுப் போச்சே, என் வண்டி இப்படி இளைச்சுப் போச்சே!" என்று ஸ்டியரிங்கைக் குத்தினார். மனைவி தூக்கத்தில் கழுத்தைச் சாய்த்துக்கொண்டாள்.

வாசலில் மச்சான் நின்றான். "வாங்க அத்தான். உங்களுக்காகச் சாப்பாட்டை இரண்டாவது தடவை சூடு பண்ணியாச்சு."

டாக்டர் சாப்பிடவில்லை. உள்ளே போகவும் இல்லை. அங்கிருந்தே போன் போட்டு, பக்கத்துத் தெரு நூலகர் அம்மாவை வீட்டுக்கு வரச் சொன்னார். மெல்லிய குரலும் தடித்த கண்ணாடியுமாக இருக்கிற அந்த அம்மாள், விற்கிற வண்டி இருந்தால் சொல்லுங்கள் என்று வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். இறங்குகிற வழியில் மனைவி தூங்கவில்லை. கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே வந்தாள்.

"வித்துத்தான் ஆகணுமா?" என்றாள்.

"வாக்குன்னா வாக்கு!"

"அதுக்கு முன்னால உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"ஒண்ணும் சொல்லாதே! உன் தம்பி சொன்னதே எனக்கு ஏழு ஜென்மத்துக்குப் போதும்!"

அவள் நெற்றித் தழும்பை ஒரு தடவை தடவிக்கொண்டாள். கைப்பையின் வாரை விட்டாள்.

"சரி, சொல்லல," என்றாள். பிறகு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

வேடிக்கை பார்க்க மச்சானும் பின்னாலேயே வந்துவிட்டான். வீட்டு வாசலில் நூலகர் அம்மாள் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"வேகமாப் போகுமா டாக்டர்?"

"போகாது," என்றார் டாக்டர். உலகத்திலேயே கசப்பான சொல் அதுதான்.

"அதுதான் வேணும். எனக்கு வேகமே ஆகாது. நிதானமான வண்டியாத்தான் தேடிட்டிருந்தேன்."

டாக்டர் சாவியைக் கொடுத்தார். அழுகை வந்தது. அதை அவசரமாகக் கோபமாக மாற்றிக்கொண்டு, "வாசல்ல ஏன் கூட்டம்?" என்று கத்தினார். வாசலில் மனைவியையும் மச்சானையும் தவிர யாரும் இல்லை. வண்டி முனகிக்கொண்டே தெருமுனை திரும்பியது. "அந்த அம்மா பத்திரமாப் போறாங்களான்னு பாத்துட்டு வர்றேன் அத்தான்," என்று மச்சானும் சிரித்துக்கொண்டே தன் காரில் கிளம்பினான்.

டாக்டர் படியில் உட்கார்ந்தார். தெரு அமைதியாக இருந்தது. மனைவி உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் வாங்கிக் குடித்தார். கத்தத் தோன்றவில்லை. தோன்றவில்லை என்பதே அவருக்குப் பயமாக இருந்தது.

திடீரென்று ஏதோ உறுமியது. தெருமுனையில் புழுதி எழுந்தது. அவருடைய வண்டி, அவர் கையால் குடைந்து குடைந்து வழவழப்பாக்கிய அதே எஞ்சினோடு, அதுவரை அவர் கேட்டே இராத ஒரு குரலில் கர்ஜித்துக்கொண்டு பாய்ந்து வந்தது. வீட்டைத் தாண்டிப் போய், கிறீச்சென்று நின்று, பின்னுக்கு வந்தது. அது நின்று, கதவு திறந்து, வெகு நேரம் கழித்துத்தான் மச்சானின் கார் மூச்சு வாங்கிக்கொண்டு முனை திரும்பியது.

நூலகர் அம்மாள் இறங்கினார். கொண்டை அவிழ்ந்து கிடந்தது. கண்ணாடி ஒரு காதில் தொங்கியது. முகத்தில் பயமும், அதைவிட அதிகமாகச் சந்தோஷமும் இருந்தன. கையில் தீப்பெட்டி அளவுக்கு ஏதோ வைத்திருந்தார். டம்ளரை வாங்கிக்கொள்ள நீண்ட மனைவியின் கை அப்படியே நின்றது.

"தூசி தட்டலாம்னு கால்மிதியைத் தூக்கினேன் டாக்டர், ஆக்ஸிலேட்டருக்கு நேர் கீழ இந்தக் கட்டையை ஒட்டி வச்சிருக்காங்க, பெடல் பாதிக்கு மேல இறங்கவே விடல, காய் வெட்டுற பலகையில அறுத்த மூலை மாதிரி இருக்கு, வீட்டுல தேடுவீங்களேன்னு கொண்டுவந்தேன்!"