பம்புக்கு நான் கட்டிய கொட்டில்

என்னைப் போல் ஒரு மனிதன் இந்த சுவிஸில் இல்லை என்று நான் சொன்னால், அதில் பாதியாவது உண்மை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முதுகு காட்டி, அகதியாக வந்து இறங்கி, லுசேர்ணில் ஒரு ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவத் தொடங்கி, அதே குசினிக்குத் தலைமைச் சமையல்காரனாகி, ஓல்டனுக்குப் பக்கத்தில் ஒரு பழைய வீட்டைச் சொந்தமாக வாங்கி, கூரை முழுக்கச் சோலார் தகடும் பதித்தவன் வேறு யார் இருக்கிறான்? (இருந்தால் வரட்டும், கதைப்போம்.) மற்றப் பாதி என்னவென்றால், கையால் உழைத்து முன்னுக்கு வந்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. எதைக் கண்டாலும் அதைத் தன் கையால் இன்னும் கொஞ்சம் திருத்திவிட வேண்டும்போல் இருக்கும். சரியாக இருப்பதைத் திருத்துவதில்தான் அவனுக்கு அதிக ருசி.

ஓல்டன் பக்கம் குளிர்காலம் என்பது ஒரு நீண்ட அரைத்தூக்கம். ஆற்றிலிருந்து மூடுபனிப் புகார் எழும்பி ஊரை மூடிவிட்டால் பல நாட்களுக்கு வானம் என்று ஒன்று இருக்காது. பக்கத்து வீட்டு மரம் பாதியில் முடிந்துபோயிருக்கும். ரயில் போகும் சத்தம் மட்டும் வரும், ரயில் வராது. அப்படிப்பட்ட ஊரில் சூரியனை நம்பிக் கூரையில் தகடு போட்டவன் நான். காலையில் தேத்தண்ணிக் கோப்பையோடு ஜன்னலடியில் நின்று, புகாருக்குள் எங்கோ மேலே என் தகடுகள் கறுத்த குளம்போல் கிடக்கின்றன, சூரியன் என்றைக்காவது வந்து அதில் முகம் பார்க்கும் என்று நினைத்துக்கொண்டு நிற்பேன். தேத்தண்ணி ஆறிவிடும். அது ஒரு சுகம்.

தகடு பதித்த கையோடு பழைய எண்ணெய் அடுப்பையும் தூக்கி எறிந்துவிட்டு வெப்பப் பம்ப் போட்டேன். வீட்டுக்கு வெளியே, சுவரோரமாக ஒரு பெரிய பெட்டி. அதற்குள் ஒரு விசிறி. அது வெளிக்காற்றிலிருந்து சூட்டை எடுத்து, தண்ணீருக்குக் கொடுத்து, அந்தத் தண்ணீர் வீட்டுத் தரைக்குக் கீழே குழாய்களில் ஓடி நிலத்தைச் சூடாக்கும். அதைப் பொருத்திப் பூட்ட வந்த தாடிக்காரச் சுவிஸ்காரர் இதை எனக்கு இரண்டு தரம் விளங்கப்படுத்தினார். "முன்னுக்கும் பின்னுக்கும் எதையும் வைக்காதே. அது மூச்சு விட வேண்டும்" என்றும் சொன்னார். நான் "யா, யா" என்றேன். (பெரியவர்களோ படித்தவர்களோ ஏதும் சொன்னால் 'ஓம்' என்று தலையாட்டிவிட்டு நம் வேலையை நாம் பார்ப்பதுதான் நம் ஆட்களின் மரியாதை.)

ஆனால் அந்தப் பனிக்குள் எங்கே சூடு இருக்கிறது? இது எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது. மூக்கு நுனி உணர்விழந்து போகும் காற்றுக்குள் கையை விட்டு, கொஞ்சம் கொஞ்சமாகச் சூட்டைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு வந்து என் கால்களுக்குக் கீழே வைக்கிறது ஒரு பெட்டி. அதற்கு முன்னால் நிற்கும்போதெல்லாம் எனக்கு அதன் மேல் இரக்கமாக இருந்தது. நாங்கள் உள்ளே இதமாக இருக்க, அது வெளியே தனியாக முனகிக்கொண்டிருந்தது. விசிறியின் மேல் பனி படிந்து, பிறகு தானே உருகி வழிந்தது. எனக்கு அது அழுவதுபோல் இருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் என் மகள் துளசியின் சம்பந்தப் பேச்சு வந்தது. சூரிக்கில் வேலை செய்யும் கோயம்புத்தூர்ப் பெடியன், பெயர் அரவிந்த். இருவருக்கும் பிடித்துவிட்டது. பெடியனின் தாய் தகப்பன் இந்தியாவிலிருந்து வந்திருந்தார்கள். சனிக்கிழமை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவதாக ஏற்பாடு. துளசி என்னைப் பிடித்து இருத்தி வைத்துச் சொன்னாள்.

"அப்பா, வடிவாக் கேளுங்கோ. அவன்ர அம்மாவுக்கு ஒரே ஒரு பயம். மகன் இந்தக் குளிருக்குள்ளயே நிரந்தரமா நிண்டிடுவானோ எண்டு. இஞ்ச ஒரு வீடு இதமா இருக்கும், சனம் சந்தோசமா இருக்கும் எண்டு கண்ணால கண்டால் ஓம் எண்டிடுவா. இல்லாட்டிப் பெடியனை ஊருக்குக் கூப்பிட்டு அங்க பொம்பிளை பாத்திடுவா. அவன் தாயை மீறிச் செய்ய மாட்டான்."

"இதமோ? எங்கட வீட்டை விடவோ? வரட்டும் அவ!"

"அதைத்தான் சொல்லவாறன். பெருமை பேசிப்போடாதேங்கோ."

நான் தலையாட்டினேன். 'யா, யா' என்று தாடிக்காரருக்கு ஆட்டிய அதே தலை.

வானிலை அறிக்கையில் கடும் குளிர் வருகிறது என்றார்கள். என் மகளின் வாழ்க்கை இப்போது அந்தப் பெட்டியின் கையில். அதை இப்படிப் பனிக்குள் நிற்க விடலாமோ? எங்கள் ஊரில் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் பம்புக்கே கொட்டில் போடாமல் விடமாட்டோம். மழை படக்கூடாது, வெயில் படக்கூடாது. அது வெறும் தண்ணீர் இறைக்கும் மெசின். இது சூடு இறைக்கும் மெசின்!

வியாழக்கிழமை லீவு எடுத்தேன். நல்ல பைன் பலகை, உள்ளுக்குச் சூடு காக்கும் கனமான ரெஜிபோம் அட்டை, மேலே சரிவான கூரை, முன்னுக்குக் கொளுக்கி போட்ட கதவு. இடுக்கெல்லாம் பசை வைத்து அடைத்தேன். அந்தக் கொட்டிலின் அழகை இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. மனைவி மலர் தேத்தண்ணியோடு வந்து பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, மூடக்கூடாது எண்டெல்லோ அந்தாள் சொன்னவர்?"

"அவனுக்கு என்ன தெரியும்? அவன் பூட்டிப்போட்டுப் போறவன். நான் வைச்சுப் பாக்கிறவன்."

மென்பனி தூவத் தொடங்கியது. கொட்டிலின் கூரையில் வெள்ளையாகப் படிந்தது. உள்ளே என் பம்ப் குளிரில்லாமல் படுத்திருக்கிறது என்ற நினைப்பில் நான் வெகுநேரம் அங்கேயே நின்றேன். மறுநாள் முனகல் சத்தம்கூட நின்றுவிட்டது.

"பாத்தியோ? இப்பதான் நிம்மதியா இருக்கு" என்றேன் மலரிடம்.

கீழே நிலவறையில் இருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியைப் போய்ப் பார்த்தேன். எப்போதும் பச்சையாக எரியும் விளக்கு இப்போது சிவப்பாக எரிந்தது. எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. சுவிஸில் எந்தக் குழாயைத் திறந்தாலும் சிவப்பு என்றால் சுடுதண்ணீர். பம்ப் உச்சச் சூட்டில் ஓடுகிறது!

சனிக்கிழமை காலையில் மலர், "வீடு குளிருது" என்றாள். "குசினிக்குள்ள வந்து நில்" என்றேன். நான் விடிந்ததிலிருந்து அங்கேதான் அடுப்படியில் நின்றேன். வடை பொரிந்துகொண்டிருந்தது, ஆட்டுக்கறி கொதித்துக்கொண்டிருந்தது, எனக்கு வியர்த்துக்கொண்டிருந்தது. வேலை ஊரிலேயே தங்கிவிட்டுப் பகல்தான் வீட்டுக்கு வந்த துளசி, சேலை மாற்ற ஓடினாள். நிலத்தைக் கவனிக்க அவளுக்கு நேரம் இல்லை.

மணி அடித்தது. கதவைத் திறந்தால் வெளியே ஒன்றுமில்லை, புகார் மட்டும். பிறகு அந்த வெள்ளைக்குள்ளிருந்து மெல்ல மெல்ல ஒரு குரங்குக் குல்லா, அதன் கீழே ஒரு மீசை, பிறகு பட்டுச்சேலையும் அதன் மேல் மகனின் பெரிய ஜாக்கெட்டுமாக ஓர் அம்மா, கடைசியாக அரவிந்த். கனவில் வருபவர்களைப்போல் வந்து நின்றார்கள்.

"வாங்கோ, வாங்கோ!"

"வர்றோமுங்க" என்றார் குல்லாக்காரர். அவர்தான் சுந்தரமூர்த்தி, பெடியனின் தகப்பன்.

வாசலில் எல்லோரும் சப்பாத்தைக் கழற்றினார்கள். பெடியனின் தாய் கோமதி அம்மாவின் கால்களில் தடித்த கம்பளிச் சொக்ஸ் இருந்தது. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் என் வாய் இருக்கிறதே.

"அம்மா, சொக்ஸையும் கழட்டுங்கோ."

"சாக்ஸையுமா?"

"ஓம். இந்த வீட்டில நிலம் முழுக்கச் சூரியன். மேல தகடு பிடிச்சு, பம்ப் இறைச்சு, காலுக்குக் கீழ கொண்டுவந்து வைச்சிருக்கு. ஒருக்கா வெறுங்காலை வைச்சீங்கள் எண்டால் பிறகு எழும்ப மனம் வராது."

பின்னால் துளசி, "அப்பா…" என்று பல்லுக்குள் சொன்னது கேட்டது. கேட்காத மாதிரி நானே முதலில் என் சொக்ஸை உருவி, வழிகாட்டுவதுபோல் வரவேற்பறைக்குள் காலை வைத்தேன்.

மீன் கடையில் ஐஸ் கொட்டி வைத்திருப்பார்களே, அதற்கு மேல் நின்றதுபோல் இருந்தது. உள்ளங்காலில் ஏறிய குளிர் நேரே உச்சந்தலையில் போய்த்தான் நின்றது. ஆனால் அதற்குள் அந்த நல்ல மனிதர்கள் மரியாதைக்காகச் சொக்ஸைக் கழற்றிச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு என் பின்னால் வந்துவிட்டார்கள். நான் என்ன செய்வது? சிரித்தேன்.

"எப்படி இருக்கு?"

"நல்லாத்தானுங்க இருக்குது" என்றார் சுந்தரமூர்த்தி. குரல் நடுங்கியது.

எல்லோரும் சோபாவில் அமர்ந்தோம். ஊர்ப் பேச்சு, உறவுப் பேச்சு தொடங்கியது. நான் லுசேர்ண் குசினிக் கதையை எடுத்துவிட்டேன். சொல்லிக்கொண்டே போகையில் பார்க்கிறேன், கோமதி அம்மா மெல்ல ஒரு காலைத் தூக்கிச் சேலைக்குள் மடித்தார். பிறகு மற்றக் காலை. சுந்தரமூர்த்தி கொக்கைப்போல் ஒரு பாதத்தின் மேல் மறு பாதத்தை வைத்தார். பிறகு இரண்டையும் அந்தரத்தில் பிடித்தார். அரவிந்தின் கால்கள் எழும்பின. மலரின் கால்கள் எழும்பின. துளசி என்னைப் பார்த்தபடியே தன் கால்களைத் தூக்கினாள். ஒருவர்கூட வாய் திறந்து குளிர்கிறது என்று சொல்லவில்லை. அறை முழுக்கக் கால்கள் மிதந்துகொண்டிருந்தன. பேசும்போது எல்லோருடைய வாயிலிருந்தும் புகை வந்தது என்று துளசி இன்றைக்கும் சொல்வாள். அது மிகை. கொஞ்சம்தான் வந்தது.

கோமதி அம்மா ஜாக்கெட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு மகனிடம் மெதுவாகச் சொன்னார்: "கண்ணு, சாயங்கால ரயிலுக்கே கிளம்பிடலாமா?"

துளசியின் முகத்தைப் பார்த்தேன். லுசேர்ண் கதையைப் பாதியில் விட்டேன்.

அரவிந்த்தான் கேட்டான். "அங்கிள், ஹீட் பம்ப் ஓடுதா?"

"ஓடுது தம்பி. நல்லா ஓடுது. சிவப்பு லைட் எரியுது."

"சிவப்பா?"

அவன் உடனே எழும்பி வாசலுக்கு நடந்தான். எல்லோரும் வெறுங்காலைச் சப்பாத்துக்குள் செருகிக்கொண்டு வெளியே போனோம். புகாருக்குள் என் கொட்டில் ஒரு சின்னக் கோயில்போல் நின்றது.

"இது என்ன அங்கிள்?"

நான் வாய் திறக்குமுன் சுந்தரமூர்த்தி முந்திக்கொண்டார். "டேய், மோட்டார் ரூம்டா!" கிட்டப் போய்ப் பலகையைத் தட்டிப் பார்த்தார். "நம்ம தோட்டத்துல போர் மோட்டாருக்குக் கட்டுனதை விட அம்சமா இருக்குதுங்க. காத்துப் போகக்கூட இடமில்லீங்களே!"

"எறும்பு போகாது" என்றேன். என்னையறியாமல் நெஞ்சு நிமிர்ந்தது.

"ஐயோ, அதுதானப்பா பிரச்சினை!" என்றாள் துளசி.

கொளுக்கியைக் கழற்றிக் கதவைத் திறந்தேன். உள்ளே பம்பைக் காணவில்லை. ஒரு பெரிய பனிக்கட்டி மட்டும் வெள்ளையாக, உருண்டு திரண்டு இருந்தது. தான் விட்ட குளிர்மூச்சையே திரும்பத் திரும்ப இழுத்து, மூச்சுத் திணறி, உறைந்துபோய்ப் படுத்துவிட்டது என்று அரவிந்த் விளங்கப்படுத்தினான். அவன் சொல்லி முடிக்குமுன், கோமதி அம்மா அந்தப் பனிக்கட்டியைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பிவிட்டார்.

"ஏனுங்க, பனிலிங்கம் மாதிரியே இருக்குதுங்க!"

முதலில் சிரித்தது மலர். பிறகு யாரும் நிறுத்தவில்லை.

நான் பூட்டிய திருகாணிகளைக் கழற்றுவது லேசான காரியமா? (என் வேலைப்பாடு அப்படி.) சம்பந்தி பலகையைப் பிடிக்க, நான் கழற்ற, துளசியும் அரவிந்தும் குசினியிலிருந்து இளஞ்சூட்டுத் தண்ணீரை வாளி வாளியாகக் கொண்டுவந்து ஊற்றினார்கள். கடைசியில் அரவிந்த் நிலவறைக்குள் போய் மெசினை நிறுத்தி, மறுபடி போட்டான். ஒரு முனகல். ஒரு உதறல். பிறகு அந்தப் பெட்டியிலிருந்து பெரிய வெண்ணிற ஆவி புசுபுசுவென்று எழுந்து எங்கள் எல்லோரையும் மூடியது. சாம்பிராணி போட்ட அறைக்குள் நின்றதுபோல் இருந்தது. ஆவியும் புகாரும் கலந்ததில் யார் முகமும் தெரியவில்லை. சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டது. நான் அப்படியே இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருப்பேன், மலர் கையைப் பிடித்து இழுத்திராவிட்டால்.

"நிலம் சூடாக நாளைக்குக் காலையாகிடும்" என்றான் அரவிந்த். சூடான இடம் வீட்டில் குசினி ஒன்றுதான். எல்லோரும் அங்கே போய் நெருக்கியடித்து இருந்தோம். சூடான அவண் அடுப்பின் கதவைத் திறந்துவிட்டேன். மறுபடி வடை பொரித்தேன். அது என் இராச்சியம், அங்கே நான் பிழை விடுவதில்லை. துளசி உள்ளே போய்த் தன்னுடைய கம்பளிச் சொக்ஸை எடுத்துவந்து, கீழே இருந்து கோமதி அம்மாவின் பாதங்களைக் கையால் தேய்த்துச் சூடாக்கி, ஒவ்வொன்றாக மாட்டிவிட்டாள். அம்மா அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கையில் வடை அப்படியே இருந்தது.

"அம்மா, சாயங்கால ரயில்…" என்று தொடங்கினான் அரவிந்த்.

"அது போகட்டும் கண்ணு. வடை சூடா இருக்குது" என்றார். பிறகு மலரைப் பார்த்துச் சொன்னார்: "குளிரு எங்கதான் இல்லீங்க? இந்தப் பொண்ணு இருக்கிற வீட்டுல என் பையன் நடுங்க மாட்டான். மாமனார் கையில மட்டும் ஸ்க்ரூ டிரைவரைக் குடுத்துடாதீங்க."

அவ்வளவுதான் நிச்சயதார்த்தம்.

கல்யாண மண்டபத்தில் நான் பேச எழும்பினேன். மைக்கைப் பிடித்து, "எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முதுகு காட்டியவன்…" என்று தொடங்கியதும் முன்வரிசையில் சம்பந்தியும் சம்பந்தியம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு பக்கத்தில் இருந்த மலரும் சேர்ந்து, மிக மெதுவாக, மிக மரியாதையாக, இரண்டு கால்களையும் தரையிலிருந்து தூக்கினார்கள். மணவறையில் இருந்த மணப்பெண்ணும் தூக்கினாள். நான் இரண்டே வசனத்தில் பேச்சை முடித்துக்கொண்டேன். மண்டபம் முழுக்கக் கைதட்டு. என் பேச்சுக்குத்தான் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் கோயம்புத்தூருக்கு வீடியோவில் கதைக்கிறோம். அங்கே கடும் வெயில், மின்விசிறி சுழல்கிறது, சம்பந்தி பனியனோடு சாய்வு நாற்காலியில் இருக்கிறார். இங்கே ஜன்னலுக்கு வெளியே வெள்ளைப் புகார். "சம்பந்தி, இந்த முறை வீட்டுக்குள்ளயே தக்காளி போட்டிருக்கிறன் பாருங்கோ, இந்த சுவிஸில எவனும் இப்படி…" என்று நான் ஆரம்பிக்க வேண்டியதுதான். திரையின் அடிப்பக்கத்திலிருந்து அவருடைய இரண்டு வெறும் பாதங்கள் மெல்ல மேலெழும்பி வந்து, அந்த வெயிலுக்குள் மிதந்துகொண்டு நிற்கும்.