ஹாரன் அண்ணனின் தொண்டை

இந்தியாவில் பேஸ்பால் வளராமல் போனதற்கு ஒரே காரணம், ஹாரன் அண்ணனுக்கு அதியமான்கோட்டையை விட்டு வெளியே போய்க் கத்த நேரம் கிடைக்காததுதான் என்பது என் கருத்து. டெல்லியில் நின்று ஒரே ஒரு தடவை கத்தியிருந்தால் போதும். கிரிக்கெட் ஆடுகிறவர்களெல்லாம் மட்டையைப் போட்டுவிட்டு இந்தப் பக்கம் ஓடி வந்திருப்பார்கள்.

நெடுஞ்சாலையோரம் அவருக்கு லாரி எலக்ட்ரிக்கல் கடை. லாரிகளுக்கு ஹாரன் மாட்டுவதும், மாட்டியது ஊமையாகிவிட்டால் அதைப் பேச வைப்பதும்தான் முக்கியத் தொழில். அந்தச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசிக் குரல் அப்படி ஆயிற்றா, அல்லது குரலைக் கேட்டுவிட்டு அந்தத் தொழிலே அவரைத் தேடி வந்ததா என்று யாருக்கும் தெரியாது. பெற்றோர் வைத்த பெயர் ஒன்று ரேஷன் கார்டில் இருக்கிறது. அதைச் சொல்லி விசாரித்தால் அவர் மனைவி சரோஜா அக்காவே ஒரு நொடி யோசித்துவிட்டு, "ஓ, இவுரக் கேக்கறீங்களா" என்பார். போனில் பேசும்போது அவர் போனைக் காதில் வைத்துக்கொள்வது எதிராளி சொல்வதைக் கேட்க மட்டும்தான். இவர் சொல்வது நேராகவே போய்விடும்.

எங்கள் ஊருக்கு எப்படி பேஸ்பால் வந்தது என்று கேட்பீர்கள். பள்ளிக்கூடத்தில் எங்கள் பி.டி. மாஸ்டர் கொண்டுவந்தார். மாவட்டத்தில் வேறு எந்தப் பள்ளியிலும் அந்த விளையாட்டு அப்போது இல்லை. ஆகையால் ஆடாமலேயே மாவட்டத்தில் முதலிடம். மாஸ்டருக்கு அதற்கு மேல் ஆசை கிடையாது. நாங்களும் படிப்பு முடிந்ததும் பேஸ்பாலை இயற்கணிதத்தோடு சேர்த்து மறந்துவிட்டோம். எங்களுக்குச் சில வகுப்பு மூத்தவரான ஹாரன் அண்ணன் மட்டும் மறக்கவில்லை. கல்யாணமாகித் தொப்பை போட்டு நிம்மதியாக இருந்தவர்களை ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்தார். பால் வண்டி ஓட்டும் செல்வத்தைப் பிடித்தார். மருந்துக் கடை வைத்திருக்கும் என்னைப் பிடித்தார். என் கடை வாசலில் நின்று, "வர்றியா இல்லியாப்பா?" என்று அவர் கேட்டதில், ஜுரத்துக்கு மாத்திரை வாங்க வந்த ஒருவர் "வர்றங்க" என்று சொல்லிவிட்டார். அவரும் அணியில் சேர்ந்துவிட்டார்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பந்தை அடித்துவிட்டு, சதுரமாக வைத்திருக்கும் மூலைகளை ஒவ்வொன்றாகத் தொட்டு ஓடி, புறப்பட்ட மூலைக்கே திரும்பி வந்தால் ஒரு ரன். பந்து போடுகிறவர் பிட்சர், அது செல்வம். அடிக்கிறவருக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பந்தைப் பிடிக்கிறவர் கேட்சர். அது ஹாரன் அண்ணன். பந்து எப்போதும் வராத ஒரு தொலைவில் நின்று கொட்டாவி விடுவது நான்.

மைதானம் என்று தனியாக ஒன்றும் கிடையாது. ஏரிதான். தை பிறந்து தண்ணீர் வற்றி, சேறு காய்ந்து வெடித்து, அதன்மேல் எருமைகள் நடந்து சமன் செய்து கொடுத்தால் எங்களுக்கு சீசன் ஆரம்பம். பெரிய மழை வந்தால் சீசன் முடிந்தது. மற்ற ஊர்களில் மழை வேண்டும் என்று ஏங்குகிற நேரத்தில் ஹாரன் அண்ணன் ஏரிக்கரையில் நின்று வானத்தை முறைப்பார். விவசாயிகளுக்குத் தெரியாமல் இப்படி முறைப்பது ஒன்றுதான் அவர் சத்தமில்லாமல் செய்யும் காரியம்.

அவருடைய ஆட்டம் முழுக்க வாயில்தான் இருந்தது. பின்னால் குந்தி உட்கார்ந்துகொண்டு, பந்து வரும் நேரம் பார்த்து, அடிக்கிறவரிடம் குடும்ப விஷயம் விசாரிப்பார். "ஏந்தம்பி, உங்க மச்சான் அந்த எடத்த வித்துட்டாராமே, நெசமா?" என்பார். தம்பி அதிர்ந்து திரும்புவதற்குள் பந்து அண்ணனின் கையுறையில் போய் உட்கார்ந்திருக்கும். ஓசூர் தொழிற்சாலைப் பையன்கள் அணியோடு ஆடும்போதெல்லாம் அவர்கள் நடுவரிடம் முறையிடுவார்கள். நடுவர் விதிப் புத்தகத்தை முழுக்கப் புரட்டிவிட்டு, மச்சானைப் பற்றிக் கேட்கக் கூடாது என்று எங்கும் போடவில்லை என்பார்.

ஒருமுறை ஓசூருக்குப் போகும் வழியில் போலீஸ் எங்கள் வேனை நிறுத்தியது. உள்ளே பார்த்தால் தடித்தடியான ஆட்கள், ஒரு மூட்டை நிறைய மட்டைகள்.

"எந்த ஊர்ல தகராறு?" என்றார் எஸ்.ஐ.

"தகராறு இல்லீங்க சார். பேஸ்பால்."

"அதெல்லாம் எனக்கு வேணாம். யார அடிக்கப் போறீங்க?"

"ஓசூர்காரங்களத்தானுங்க!" என்றார் ஹாரன் அண்ணன் பெருமையாக.

எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு அண்ணன் நடுரோட்டில் நின்று எஸ்.ஐ.க்கு பேஸ்பால் விளக்க ஆரம்பித்தார். தடுப்புக் கட்டைகளை மூலைகளாக வைத்து ஓடியே காட்டினார். பின்னால் லாரிகள் வரிசையாக நின்றன. டிரைவர்களில் பாதிப் பேர் அவருடைய வாடிக்கையாளர்கள். அவர் மாட்டிக்கொடுத்த ஹாரனையே அடித்து உற்சாகப்படுத்தினார்கள். கடைசியில் எஸ்.ஐ. கையெடுத்துக் கும்பிட்டார். "ஐயா, நீங்க யார வேணா அடிச்சிக்குங்க. மொதல்ல எடத்தக் காலி பண்ணுங்க."

இதெல்லாம் சொல்லும்போது சிரிப்பாக இருக்கிறது. கூடவே இருந்தவர்களுக்கு, அதிலும் செல்வத்துக்கு, அப்படி இல்லை. செல்வம் அமைதியான ஆள். பால் வண்டியின் கதவைக்கூட வலிக்குமோ என்பது போலச் சாத்துவான். அவன் பந்து போடக் கையை ஓங்கும்போதெல்லாம் எதிரிலிருந்து, "மேல போடு! கீழ போடு! அட, நேத்து என்னா சாப்புட்டடா?" என்று சரம் சரமாக வரும். பயிற்சி முடிந்து வீட்டுக்குப் போனாலும் காதுக்குள் அண்ணன் கத்திக்கொண்டே இருப்பதாகச் சொல்வான்.

சென்ற ஆண்டு செல்வம் குழந்தைக்கு மொட்டை போட தீர்த்தமலைக்குப் போய் வந்தான். பிரசாதம் கொடுக்க என் கடைக்கு வந்தவன், மொட்டை மாதிரியே பளிச்சென்ற முகத்தோடு சொன்னான். "நானும் ஒண்ணு வேண்டிக்கிட்டு வந்தங்க. அண்ணன் தொண்ட கொஞ்சம் எறங்கணும், ஒரு சீசனாவது நிம்மதியா பந்து போடணும்னு."

விஷயம் பரவி, அண்ணனைத் தவிர அணியே சிரித்தது. சிலர், தாங்களும் போய் வேண்டிக்கொண்டு சாமிக்கு ஞாபகப்படுத்தலாமா என்று கேட்டார்கள்.

இந்த வருடம் ஏரி சீக்கிரமே வற்றியது. ஓசூர்காரர்கள் ஒரு போட்டி வைத்திருந்தார்கள். புல் வளர்த்த மைதானம், கோடு போட்ட ஆடுகளம். அழைப்பு வந்ததும் அண்ணன் ஏரியில் எருமைகளுக்கு முன்பே வந்து நிற்க ஆரம்பித்தார். ஆனால் குரல் கரகரத்தது. தூசி என்றார். நாங்களும் தூசி என்றே நினைத்தோம். என் கடையில் இருமல் மிட்டாய் வாங்கினார். வத்தல்மலை மிளகை இடித்துப் பனங்கற்கண்டோடு தின்றார். "டாக்டர்கிட்டப் போங்கண்ணா" என்றேன். "போட்டி முடியட்டும்பா. அவன் பேசாதம்பான். நான் பேசாம எப்படிப்பா ஆடறது?" என்றார். அதைச் சொல்லும்போதே பாதி வார்த்தை காற்றாகப் போனது.

ஒரு நாள் சரோஜா அக்கா ஹாரன் கடைக்குள் புகுந்து, அண்ணன் கையிலிருந்த ஒயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, அவரைச் சேலத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். தொண்டைக்குள் ஒரு கட்டி. அறுவை சிகிச்சை செய்து எடுத்தார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனால் குரல் திரும்பாது, கிசுகிசுப்பு மட்டும்தான் மிஞ்சும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

அவர் இல்லாத அந்த நாட்களில் ஏரியில் பயிற்சி செய்தோம். காற்று வீசுவது கேட்டது. செல்வம் அவ்வளவு காலமாகக் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் அவன் போட்ட பந்துகள் அடிக்கிறவன் தலைக்கு மேலே போயின, கரைக்குப் போயின, ஒன்று எருமைமேல் பட்டது. அதட்ட ஆள் இல்லை. செல்வம் பந்தைக் கீழே போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துகொண்டான்.

அண்ணன் மறுபடி கடை திறந்த அன்று நான் மருந்து கொடுக்கப் போயிருந்தேன். செல்வம் பால் வண்டியை ஓரம் கட்டிவிட்டு வந்து நின்றான். வாசலிலேயே அழ ஆரம்பித்துவிட்டான்.

"ண்ணா, என்னாலதாங்க. தீர்த்தமலையில நாந்தாங்க வேண்டிக்கிட்டேன். வெளையாட்டுக்குத்தாங்க…"

சரோஜா அக்கா சோற்றுப் பாத்திரத்தோடு அப்படியே நின்றுவிட்டார். நான் அண்ணன் முகத்தைப் பார்த்தேன். வாய் திறந்தது, தோள் குலுங்கியது, கண்ணில் நீர் வந்தது. சத்தம் வராததால், அவர் சிரிக்கிறார் என்று புரிய எங்களுக்குச் சிறிது நேரம் ஆனது. செல்வத்தின் காதைப் பிடித்துத் தன் வாயருகே இழுத்தார்.

"ஏண்டா, இத்தன வருசமா கப்பு வேணும்னு நான் கத்திக் கத்திக் கேட்டேன். அது சாமிக்குக் கேக்கல. நீ மெதுவா கேட்டது மட்டும் கேட்டுடிச்சா?"

செல்வம் அதற்கும் அழுதான்.

அடுத்த நாளே அண்ணன் ஏரிக்கு வந்தார். ஸ்கூட்டரில் ஒரு பேட்டரியும், மலைப்பாதையில் போகும் டேங்கர் லாரிக்கு மாட்டுகிற ஏர் ஹாரனும் கட்டியிருந்தார். நீளமாக அடித்தால் ஓடு, விட்டு விட்டு அடித்தால் நில், பாட்டு மாதிரி அடித்தால் செல்வம் ஒழுங்காகப் பந்து போட வேண்டும். முதல் தடவை அடித்ததில் எருமைகள் ஓடின, நாங்கள் நின்றோம். போகப் போகப் பழகிவிட்டது. நெடுஞ்சாலையில் எந்த லாரி ஹாரன் அடித்தாலும் அணி முழுவதும் ஓட ஆரம்பித்துவிடும் என்பது மட்டும்தான் சிக்கல். அண்ணன் முகத்தில் பழைய களை வந்தது. கப்பு வந்தால் கடையில் எங்கே வைப்பது என்று இடம்கூடப் பார்த்து வைத்தார்.

ஓசூரில் நடுவர் ஹாரனைப் பார்த்தார், விதிப் புத்தகத்தைப் புரட்டினார். இந்த முறை அதில் என்னவோ இருந்தது. பேட்டரியைக் கழற்றி வேனில் வைத்தோம்.

ஆட்டம் தொடங்கியது. அண்ணன் சத்தமில்லாமல் குந்தி உட்கார்ந்தார். ஓசூர்ப் பையன்களுக்கு விஷயம் தெரியாது. ஒவ்வொருவனும் மட்டையைத் தூக்கிக்கொண்டு, இதோ மச்சானைக் கேட்கப் போகிறார், இதோ மாமனாரைக் கேட்கப் போகிறார் என்று விறைத்துப்போய் நின்றான். எதுவும் வராததில் இன்னும் மிரண்டு, பந்தைக் கோட்டைவிட்டான். அவர்களுடைய கேப்டன் கடைசியில் மட்டையை ஊன்றிக்கொண்டு திரும்பிக் குனிந்தான்.

"என்னாங்கண்ணா, எங்க மேல கோவமா? ஒண்ணுமே கேக்க மாட்டேங்கறீங்க?"

அண்ணன் தொண்டையைத் தொட்டுக் காட்டி, கையை விரித்தார். அந்தப் பையன் தலையில் இருந்த ஹெல்மெட்டைக் கழற்றினான். பிறகு போட்டுக்கொண்டு, பந்தை ஓங்கி அடித்தான். அவர்கள் அணிக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு யாரும் மிரளவில்லை.

கடைசிச் சுற்றில் நாங்கள் அடிக்கும் முறை; ஒரு ரன் பின்தங்கியிருந்தோம், இன்னும் ஒருவர் அவுட்டானால் ஆட்டம் முடிந்தது. செல்வம் இரண்டாவது மூலையில் நின்றான். எங்கள் ஆள் ஒருவன் அடித்த பந்து பின்னால் வெகுதூரம் உருண்டு வேலியோரம் போய்விட்டது. செல்வம் மூன்றாவது மூலையைத் தொட்டுவிட்டு நிற்காமல் புறப்பட்ட மூலைக்கு வந்து சேர்ந்தால் ஆட்டம் சமன். ஹாரன் அண்ணன் மூன்றாவது மூலைக்குப் பக்கத்தில் நின்று இரண்டு கைகளையும் காற்றாலை மாதிரிச் சுழற்றினார். துள்ளினார். வாய் முழுதாகத் திறந்திருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. செல்வம் எப்போதும் போலத் தலையைக் கவிழ்த்துக்கொண்டு ஓடி வந்தான். இத்தனை வருடமும் அவன் கண்ணால் ஓடியதே இல்லை, காதால்தான் ஓடியிருக்கிறான். மூன்றாவது மூலையைத் தொட்டான். சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. நின்றுவிட்டான்.

நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தபோது பந்து திரும்பி வந்துவிட்டது. அடுத்து ஆட வந்த எங்கள் ஆள் பந்தைத் தொடவேயில்லை. ஆட்டம் முடிந்தது.

செல்வம் அந்த மூலையிலேயே மண்டியிட்டு உட்கார்ந்திருந்தான். அண்ணன் பக்கத்தில் போய், மூட்டு நெறிபடக் குந்தினார். நான் அருகில் இருந்ததால் கேட்டது.

"உன் மேல தப்பில்லடா. நான் கத்திக்கிட்டே இருந்ததுல நீங்க யாரும் ஒண்ணும் கத்துக்கல. அத நாந்தான் கவனிக்காம வுட்டுட்டேன்."

வேனில் ஏறித் திரும்பினோம். ஓசூர் இவ்வளவு தூரம் என்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

பிறகு மழை பெய்தது. ஏரியில் தண்ணீர் நிற்கிறது. விவசாயிகளுக்குச் சந்தோஷம். செல்வம் பால் வண்டியைக் கடை வாசலில் தினமும் நிறுத்துகிறான். காலையில் முதல் பால் அண்ணனுக்குத்தான். வேண்டாம் என்று சொல்ல அவருக்குக் குரல் இல்லை என்பதால் வைத்துவிட்டு ஓடிவிடுகிறான்.

போன வாரம் மதியம் நான் அந்தப் பக்கம் போனேன். பின்னால் லாரிகள் இரைந்துகொண்டிருந்தன. அண்ணன் ஏதோ சொன்னார். கேட்கவில்லை. அவர் தோளில் கைபோட்டு, குனிந்து, காதை வாயோடு ஒட்டி வைத்துக்கொண்டேன். அடுத்த சீசனுக்கு யாரை எங்கே நிறுத்துவது, செல்வத்தை நிமிர்ந்து ஓட எப்படிப் பழக்குவது, மழை எப்போது விடும் என்று சொல்லிக்கொண்டே போனார். பழகின நாளிலிருந்து அவ்வளவு பக்கத்தில் நான் அவரை வைத்துக்கொண்டதில்லை. குனிந்து நின்றதில் கழுத்து வலித்தது. டீ வந்ததும் அவர் நிறுத்திக்கொண்டார்.

"இன்னும் கொஞ்சம் பேசுங்கண்ணா" என்றேன்.