குரங்கு எத்தனை மணிக்கு வரும்?

"குரங்கு மூணு மணிக்கா வருது?" ஆய்வு வழிகாட்டி டாக்டர் மெஸ்கெபு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கணினித் திரையை முறைத்தார். "வெய்னிஷெத், நார்வேக்காரர் இதைப் பார்த்தா நடுராத்திரியில மக்காச்சோளம் திங்குதுன்னு நினைக்க மாட்டாரா?"

"அது நம்ம மூணு மணி சார். அவருக்குக் காலைல ஒம்பது."

"உனக்கும் எனக்கும் தெரியும். உன் x அச்சுக்குத் தெரியுமா?"

எத்தியோப்பியாவில் எங்கள் கடிகாரம் பொழுது விடிந்த பிறகுதான் எண்ணத் தொடங்கும். ஊர் உலகத்தின் காலை ஏழு மணி எங்களுக்கு ஒரு மணி. பாவம், கிராஃப் போடும் மென்பொருளை எழுதியவன் எங்கள் ஊரில் பிறக்கவில்லை.

குரங்குக் கூட்டம் எந்த மணிக்கு வயலில் அதிகம் இறங்குகிறது என்பதுதான் வெய்னிஷெத்தின் முதுகலை ஆய்வு. இன்னும் இரண்டு மணி நேரத்தில் வாய்மொழித் தேர்வு. நார்வேயிலிருந்து வந்திருக்கும் புரொபசர் ஹால்வர் 'பாஸ்' என்று கையெழுத்துப் போட்டால் வேளாண்மை அலுவலகத்தில் வேலை காத்திருக்கிறது. போடாவிட்டால் இன்னொரு தேர்வாளர் வர ஒரு வருஷம் ஆகும்.

அச்சின் குறிகளுக்குக் கீழே ஏழு, எட்டு, ஒன்பது என்று பதினெட்டு வரைக்கும் வெய்னிஷெத் தட்டினாள். கிராஃபின் உயரமான கம்பம், குரங்கு அதிகம் வரும் மணி, பத்தின் மேல் போய் நின்றது.

"ஏண்டி, குரங்கு ஒரு மணி நேரம் லேட்டா வருது?" என்றாள் தோழி ஹிருத்.

"சனியன், பூஜ்யத்துக்கும் ஒரு குறி வெச்சிருக்கு. என் ஏழு அங்க போய் உக்காந்துக்கிச்சு. எல்லாமே ஒரு இடம் தள்ளிப் போச்சு."

"அப்ப லேபிளை விடு. டேட்டாவுலயே ஆறைக் கூட்டு."

கூட்டினாள். அந்த நேரம் பார்த்து மெஸ்கெபு கதவுக்குள் தலையை நீட்டினார். "ஆறு கூட்டியாச்சா?"

பதற்றத்தில் லேபிளுக்கும் ஆறைக் கூட்டிவிட்டாள். கம்பம் பதினைந்தில் நின்றது.

"மத்தியானம் மூணு மணி ஆயிடுச்சுடி," என்றாள் ஹிருத். "சாப்பிட்டுத் தூங்கி எழுந்து வருது போல."

"வாயை மூடுடி."

ஒரு ஆறைக் கழித்தாள். இப்போது எண்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. சாய்த்துப் பார்த்தாள், பாதி எண் தாளுக்கு வெளியே போனது. எழுத்தைச் சின்னதாக்கினாள், எறும்பு ஊர்கிற மாதிரி ஆயிற்று. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒன்று விட்டு ஒன்று அழித்து, கடைசியில் ஒருவழியாகக் கம்பத்தின் கீழே ஒன்பது தெரிந்தபோது தேர்வுக்கு ஐந்து நிமிடம்தான் பாக்கி.

அரங்கில் பேச்சு நன்றாகத்தான் போனது. காவலுக்குக் காலையில் ஆள் போட்டால் போதும் என்று முடித்தாள். ஹால்வர் கையை உயர்த்தினார்.

"ஒன்பதுன்னா மத்தியானம் மூணு மணிதானே? நீங்க காலைன்னு சொல்றீங்களே?" மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினார். "இறங்கின அன்னிக்கே கடிகாரத்தை உங்க மணிக்கு மாத்திட்டேன்."

மெஸ்கெபு தரையில் எதையோ தேடினார்.

"இல்ல சார், அது உங்க மணி. உங்களுக்காகத்தான் மாத்தினேன்," என்றாள் வெய்னிஷெத்.

"எனக்காகவா?" அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, வயல்ல குறிச்சது எந்த மணி?"

"எங்க மணிதான் சார். ஒண்ணுலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் கட்டம் போட்டுக் குடுத்தேன். குரங்கைப் பார்த்தா அந்த மணிக் கட்டத்துல ஒரு கோடு. காவல்காரர் தெஷாலே அண்ணன்தான் மூணு மாசமா உக்காந்து போட்டார். அதோ, பின்னாடி இருக்காரே. அவருக்கு வேற மணியே தெரியாது."

ஹால்வர் திருப்தியாகப் பேனாவைத் திறந்தார்.

கடைசி வரிசையில் தெஷாலே தொப்பியைக் கழற்றிக்கொண்டு எழுந்தார். வந்ததற்கு ஒரு வார்த்தை பேசக் கிடைத்ததில் அவர் முகமெல்லாம் பூரிப்பு.

"தெரியும்மா. வெள்ளைக்காரர் பார்ப்பார்னு சொன்னீங்களே, அதான் முதல் நாள்லேர்ந்தே அவர் மணிக்கு மாத்தித்தான் கோடு போட்டேன். அந்த மூணு, மத்தியானம் மூணும்மா."