மார்ச் மாத ஆட்டக்காரன்

கண்ணாடி அறைக்குள்ளிருந்து மறுபடியும் சிரிப்புச் சத்தம் கேட்டது. சுரேஷ்குமார் கூட்டிக்கொண்டிருந்த கணக்கு மறுபடியும் தப்பியது.

துபாயில் அல் கூஸ் பகுதியில் ஏ.சி. உதிரிபாகங்கள் விற்கும் கம்பெனி அது. சுரேஷ்குமார் அங்கே அக்கவுண்டன்ட். சொந்த ஊர் அருப்புக்கோட்டை. கண்ணாடி அறை மேனேஜர் ஹார்லனுடையது. அவர் அமெரிக்கர். அவருக்கு எதிரே கால்மேல் கால் போட்டுக் காபி குடித்துக்கொண்டிருந்தவன் ஸ்டோர்ஸ் ஜெரிஷ். நாகர்கோவில் பக்கத்துப் பையன், வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை.

சுரேஷ்குமாருக்கு அந்த அறையில் யாரும் காபி கொடுத்ததில்லை. வவுச்சரில் கையெழுத்து வாங்கப் போனால் நின்றபடியே வாங்கிக்கொண்டு வந்துவிடுவான்.

டீ வைக்க வந்த செய்கு முகம்மதுவை மடக்கினான். "என்ன பாய், தெனமும் உள்ள என்ன கச்சேரி?"

"பேஸ்பால் பேசுறாக தம்பி. ஸ்பிரிங் டிரெயினிங்னு என்னமோ ஆரம்பிச்சிருச்சாம்." கீழக்கரைக்காரரான பாய்க்கு அந்த ஆபீஸில் எல்லாருமே தம்பிதான். "இன்னொண்ணு தெரியுமா? மாசக் கடைசில மேனேஜரு அமெரிக்கா போறாக. ஏதோ கண்காட்சியாம். அப்பிடியே அந்த ஆட்டத்தையும் பாப்பாகளாம். நம்ம ஆபீஸ்ல இருந்து ஒரு ஆளைக் கூட்டிட்டுப் போறாக. விசா எல்லாம் கம்பெனியே எடுக்குதாம்."

"யாரைக் கூட்டிட்டுப் போறாரு?"

பாய் கண்ணாடி அறைப் பக்கம் தாடையை ஆட்டினார். "அது ஏன் ஜெரிஷுன்னா தம்பி, மேனேஜரு என்ன சொன்னாகன்னா..."

"தெரியுது பாய், தெரியுது. நீங்க சொல்லணுமாக்கும்?" என்றான் சுரேஷ்குமார். டீ கசந்தது.

அமெரிக்கா என்பது அவன் வீட்டில் சாதாரணச் சொல் இல்லை. மனைவி அகிலாவின் அக்கா பானுமதி நியூஜெர்சியில் இருக்கிறாள். அவள் கணவன் விமல் வாரம் ஒரு போட்டோ அனுப்புவான். பனியில் நிற்கும் விமல், பாலத்தில் நிற்கும் விமல், பூசணிக்காய்களுக்கு நடுவில் நிற்கும் விமல். பர் துபாய் வீட்டில் அந்தப் போட்டோக்களைப் பார்க்கும்போதெல்லாம் அகிலா ஒரு பெருமூச்சு விடுவாள்.

"நாமளும்தான் வெளிநாட்டுல இருக்கோம். நம்ம போட்டோல மட்டும் எப்பவும் பின்னாடி ஒரு தண்ணி லாரி நிக்குது."

அன்று சாயங்காலம் அவன் விஷயத்தைச் சொன்னதும் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அந்தப் பையன் போறானா? நீங்க அவனுக்கு சீனியர்தானே?"

"அவனுக்கு பேஸ்பால் தெரியுது."

"நீங்களும் தெரிஞ்சுக்கங்க. என்ன, கிரிக்கெட் மாதிரிதானே?"

கிரிக்கெட் மாதிரி இல்லை. மறுநாளே மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் கம்ப்யூட்டரில் சுரேஷ்குமார் அதைக் கண்டுகொண்டான். ஒருவன் எறிகிறான், ஒருவன் மட்டையால் அடிக்கிறான், அதுவரை சரி. ஆனால் பத்து தடவை மட்டையோடு வந்து மூன்று தடவை ஒழுங்காக அடித்துவிட்டாலே அவனைப் பெரிய ஆள் என்கிறார்கள். மீதி ஏழு தடவை தோற்றவனை நம் ஊரில் கேலி செய்து விரட்டியிருப்பார்கள். எறிகிற பந்து அவ்வளவு வேகம், அவ்வளவு வளைவு. அதனால் அங்கே பத்துக்கு மூன்று என்பது கௌரவம்.

ஸ்பிரிங் டிரெயினிங் என்றால் என்ன என்பதும் புரிந்தது. அமெரிக்காவில் பல ஊர்களில் பிப்ரவரியில் பனி மூடிக் கிடக்கும். ஆகவே அணிகளெல்லாம் வெயில் அடிக்கும் ஊர்களுக்குப் போய்ப் பயிற்சி எடுக்கும். மார்ச் முழுக்கத் தங்களுக்குள் பயிற்சி ஆட்டங்கள் ஆடும். ஏப்ரலில்தான் உண்மையான பந்தயம். இந்த வருடம் யார் தேறுவான், யார் தேறமாட்டான் என்று ஊரே மார்ச்சில் உட்கார்ந்து ஜோசியம் சொல்லும்.

ஜோசியம் சொல்லத்தானே வேண்டும்? பட்டியலைத் தேடினான். ஹார்லனின் ஊர் அணியில் புதுப் பையன் ஒருவன் பத்துக்கு ஐந்து அடித்துக்கொண்டிருந்தான். சுரேஷ்குமார் அந்தப் பெயரைக் காகிதத்தில் எழுதிக்கொண்டான்.

மறுநாள் காலை தேவையில்லாத ஒரு வவுச்சரை எடுத்துக்கொண்டு கண்ணாடி அறைக்குள் போனான். கையெழுத்து ஆனதும், எழுதி வைத்திருந்த பெயரைச் சொன்னான். "சார், இந்த வருஷம் அந்தப் பையன்தான் ஸ்டார்."

ஹார்லனின் முகம் விளக்குப் போட்டதுபோல் ஆனது. "குமார்! உனக்கும் பேஸ்பாலா? உட்கார், உட்கார்!"

முதல் தடவையாக அந்த நாற்காலியில் உட்கார்ந்தான். ஹார்லன் காகிதத்தை எடுத்துப் படம் போட்டு விளக்க ஆரம்பித்தார். மார்ச்சில் எறிகிறவன் ஜெயிப்பதற்காக எறிவதில்லை. குளிர்காலத்தில் புது வகைப் பந்து ஒன்று பழகியிருப்பான். அடி விழுந்தாலும் பரவாயில்லை என்று அதையே திரும்பத் திரும்ப எறிந்து பார்ப்பான். ஆகவே மார்ச்சில் யார் வேண்டுமானாலும் அடிப்பார்கள்.

"மார்ச்சில் உயிரைக் கொடுத்து ஆடுகிறவன் யார் தெரியுமா, குமார்? அணியில் இடம் கிடைக்குமோ கிடைக்காதோ என்று பயப்படுகிறவன். இடம் உறுதியானவன் நிதானமாக இருப்பான்."

அப்போது, பக்கத்து நாற்காலியில் காபியோடு உட்கார்ந்திருந்த ஜெரிஷ் கேட்டான். "சார், அடிச்சவன் ஏன் மட்டையைக் கீழே போட்டுட்டு ஓடுறான்?"

"அருமையான கேள்வி!" என்று ஹார்லன் எழுந்தே விட்டார். கிரிக்கெட்டில் மட்டை கையின் நீட்டம், கோட்டைத் தாண்டி அதை வைத்தால் போதும். பேஸ்பாலில் அடுத்த மூலையை உடம்புதான் தொட வேண்டும். மட்டை வெறும் சுமை. அதை விளக்குவதற்காக அவர் மேஜையைச் சுற்றி ஒரு ஓட்டமும் ஓடிக் காட்டினார்.

சுரேஷ்குமார் வெளியே வந்தான். தான் சொன்னது தப்பு என்பதைவிட, அந்தக் கேள்வி தனக்குத் தோன்றவில்லையே என்பதுதான் தாங்கவில்லை. 'என்னமா நுணுக்கமாக் கேக்குறான் பாரு! எல்லாம் தெரிஞ்சுக்கிட்டே தெரியாத மாதிரி. பெரிய கைகாரன்.'

வீட்டில் நிலைமை அதற்குள் முன்னேறியிருந்தது.

"அக்காகிட்ட சொல்லிட்டேன்" என்றாள் அகிலா.

"என்னன்னு?"

"நீங்க அமெரிக்கா போறீங்கன்னு. அக்கா 'அவரா, அவரா'ன்னு ரெண்டு தடவ கேட்டா. அப்புறம், 'குளிருமே, சொட்டர் இருக்கா'ன்னா. இருக்குன்னுட்டேன். அதான் மீனா பஜார்ல போயி வாங்கிட்டு வந்தேன். சீசன் முடிஞ்சு போச்சுன்னு பாதி விலைக்குக் குடுத்தான்."

கட்டில்மேல் மஞ்சள் நிறத்தில் ஒரு ஸ்வெட்டர் கைகளை விரித்துக் கிடந்தது.

இனிப் பின்வாங்க முடியாது. சுரேஷ்குமார் வெறியோடு படித்தான். எறிகிறவன் பந்தைப் பிடிக்கும் விதங்கள், தோள்பட்டை எப்போது களைக்கும், இடதுகைக்காரனுக்கு எதிரே வலதுகைக்காரன் ஏன் நன்றாக அடிக்கிறான், எல்லாம் படித்தான். ஒரு கணக்கன் உட்கார்ந்து கணக்குப் படித்தால் எப்படி இருக்கும்! பத்தே நாளில் அவனுக்குத் தெரியாத ஆட்டக்காரன் இல்லை.

ஆகவே அடுத்த தடவை கண்ணாடி அறையில் ஹார்லன், "நம் அணியின் பெரிய பந்து வீச்சாளன் நேற்று செமத்தியாக அடி வாங்கினான். ஆனால் கவலை வேண்டாம், ஏனென்றால்..." என்று ஆரம்பித்ததுமே சுரேஷ்குமார் முந்திக்கொண்டான்.

"ஏன்னா அவன் புதுப் பந்து பழகுறான் சார். நேத்து எறிஞ்சதுல பாதிக்கு மேல அதுதான்."

"ஆமாம்" என்றார் ஹார்லன். "அது எப்படி வளையும் என்றால்..."

"கடைசி நேரத்துல கீழ இறங்கும் சார். விரலை அகட்டிப் பிடிக்கிறதால சுழற்சி குறையும். அதான்."

ஹார்லன் எடுத்த பேனாவை மூடி வைத்தார். "ஆமாம். அதேதான்."

"அப்படியா!" என்றான் ஜெரிஷ், சுரேஷ்குமாரைப் பார்த்து வாயைப் பிளந்து. "அண்ணாச்சி, பயங்கரமா படிச்சிருக்கீங்க கேட்டீங்களா!"

கிண்டல் பண்ணுகிறான் என்று சுரேஷ்குமார் பல்லைக் கடித்தான். ஆனால் மேனேஜர் வாயடைத்துப் போனதில் பரம திருப்தி. அப்படி அசந்து போயிருக்கிறார்!

அன்றைக்குப் பிறகு ஹார்லன் எதைத் தொடங்கினாலும் சுரேஷ்குமார் முடித்து வைத்தான். காகிதத்தில் படம் போடப் போனால், "இதோ சார், நானே பிரிண்ட் எடுத்துட்டு வந்துட்டேன்" என்று நீட்டினான். அதன் பிறகு ஒரு வாரத்தில் ஹார்லன் காலைக் காபியைச் சீக்கிரமே முடித்துக்கொள்ள ஆரம்பித்தார். சுரேஷ்குமார் தலையைக் கண்டாலே போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். கதவு சாத்தியிருக்கும்போது மட்டும் உள்ளே ஜெரிஷின் சிரிப்பு கேட்டது.

"ஏன் பாய், என்னைப் பாத்தா ஏன் கதவைச் சாத்துறாரு? இத்தனைக்கும் அவரைவிட எனக்கு நல்லாத் தெரியுது."

"அதான் தம்பி நானும் சொல்ல வாரேன். மேனேஜரு மொதல்லயே..."

"அந்தப் பய ஏதோ கோள் மூட்டிட்டான். எனக்குப் புரியுது. நாளைக்கு வைக்கிறேன் பாருங்க கடைசி வேட்டு."

கடைசி வேட்டு, ஹார்லனுக்குப் பிடித்த ஆட்டக்காரனைப் பற்றியது. பந்து எறிபவனுக்கு எதிரே குத்தவைத்து உட்கார்ந்து பந்தைப் பிடிக்கிறவன். அவன் இந்த மார்ச்சில் பிரமாதமாக அடிக்கிறான் என்று ஹார்லன் ஆபீஸ் முழுக்கச் சொல்லியிருந்தார். சுரேஷ்குமார் அவனுடைய பழைய ஆட்டங்களையெல்லாம் தோண்டி எடுத்துப் போனான்.

"சார், போன மூணு வருஷமும் மார்ச்சுல இவன் இப்பிடித்தான் அடிச்சான். ஜூன்ல படுத்துட்டான். உக்காந்து உக்காந்து எந்திரிச்சு முட்டி போயிருச்சு. இந்த வருஷத்தோட இவன் கதை முடிஞ்சது. இவனை நம்பினா உங்க அணி கடைசி இடம்தான். எழுதித் தரேன்."

ஹார்லன் கையிலிருந்த காபியைக் கீழே வைத்தார்.

"அவன் எங்கள் தெருப் பையன்" என்றார் ஹார்லன் மெதுவாக. "முதல் கையுறை நான்தான் வாங்கிக் கொடுத்தேன்."

ஜெரிஷ் கண்ணைத் துடைக்கிற மாதிரி ஏதோ செய்தான். ஹார்லன் எழுந்து போய் அவன் தோளில் கையை வைத்தார். சுரேஷ்குமாரைப் பார்த்து, "குமார், உனக்கு வேலை இருக்குமே" என்றார்.

அடுத்த வாரம் ஜெரிஷின் பாஸ்போர்ட்டில் அமெரிக்க விசா குத்தி வந்தது. ஸ்டோர்ஸ் ஆட்கள் அதைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். சுரேஷ்குமார் பார்க்கவில்லை. நியூஜெர்சியிலிருந்து பானுமதி இரண்டு தடவை போன் செய்து, "எந்தத் தேதி, எந்த ஏர்போர்ட்?" என்று கேட்டுவிட்டாளாம். அகிலா இரண்டு தடவையும் லைன் சரியில்லை என்று வைத்துவிட்டாள். மூன்றாவது தடவை என்ன சொல்வது என்று தெரியாமல் போனையே அணைத்து வைத்திருந்தாள்.

புறப்படுகிற அன்று காலையில் ஜெரிஷ் சுரேஷ்குமாரின் மேஜைக்கு வந்து நெளிந்தான்.

"அண்ணாச்சி, தப்பா நெனைக்கப்பிடாது. உங்ககிட்ட ஒரு சொட்டர் இருக்காம்லா? பாய் சொன்னாரு. எனக்க வீட்டுல தேடினேன், ஒண்ணும் இல்ல."

சுரேஷ்குமார் மேஜைக்கு அடியிலிருந்த பையை எடுத்துக் கொடுத்தான். கண்ணில் படக்கூடாது என்று அகிலா ஆபீஸுக்கே கொடுத்தனுப்பியிருந்தாள்.

"நல்லா இருப்பீங்க அண்ணாச்சி." ஜெரிஷ் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். குனிந்து ரகசியமாகக் கேட்டான். "அப்புறம் ஒரு சந்தேகம். அந்த ஆட்டத்துல ஒரு பக்கத்துக்கு எத்தனை பேரு? பதினொண்ணா?"

"என்னது?"

"பதினொண்ணுதானே?"

"ஒன்பது! ஏலேய், உனக்கு அதுகூடவா தெரியாது? ஒரு மாசமா உள்ள உக்காந்து என்னடா பேசினே?"

"நான் எங்க அண்ணாச்சி பேசினேன்? அவரு சொல்லுவாரு, நான் 'அப்படியா சார்'னு கேட்டுட்டு இருப்பேன். எவ்வளவு கேட்டாலும் இந்த மண்டையில ஒண்ணும் நிக்கமாட்டேங்கு. மறுநாளு மறுபடியும் கேப்பேன், அவரு மறுபடியும் சந்தோசமா மொதல்ல இருந்து சொல்லுவாரு. நல்ல மனுசன் பாத்துக்கிடுங்க."

வாசலில் கார் ஹாரன் கேட்டது. மஞ்சள் ஸ்வெட்டர் பையிலிருந்து எட்டிப் பார்க்க, ஜெரிஷ் ஓடினான்.

சுரேஷ்குமார் மேஜைமேல் கிடந்த பேஸ்பால் பிரிண்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டான். செய்கு முகம்மது வந்து டீயை வைத்தார்.

"பாய்" என்றான். அந்த மார்ச் மாதத்தில் முதல் தடவையாக, பதிலைக் கேட்கும் எண்ணத்தோடு கேட்டான். "ஒண்ணுமே தெரியாத அவனை எதுக்குப் பாய் கூட்டிட்டுப் போறாரு?"

"அதைத்தானே தம்பி மொத நாள்ல இருந்து சொல்ல வாரேன், நீங்க எங்க சொல்ல விட்டீக? மேனேஜரு வீட்டம்மா இந்தத் தடவ கூட வரமாட்டேன்னுட்டாக. வருசா வருசம் இதையே கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சாம். அதனால, பக்கத்துல உக்காத்தி வச்சு மொதல்ல இருந்து சொல்லிக் குடுக்கணும், அந்த ஆட்டத்தைப் பத்தி ஒண்ணுமே தெரியாத ஆளா ஒருத்தர் வேணும்னாக."

பாய் காலையில் வைத்த காலி கிளாஸை எடுத்துத் தட்டில் வைத்தார்.

"அவுக மொதல்ல கூப்பிடச் சொன்னது உங்களைத்தான் தம்பி. அன்னைக்கு நீங்க பேங்குக்குப் போயிருந்தீக, அதான் நீங்க வர்ற வரைக்கும் இருக்கட்டும்னு ஜெரிஷை உள்ள அனுப்பி வச்சேன். நீங்க திரும்பி வந்து, 'பேஸ்பால்னா என்ன சார்'னு ஒரு வார்த்தை கேட்டிருந்தீகன்னா, இந்நேரம் அந்தச் சொட்டரைப் போட்டுக்கிட்டு நீங்கதான் பிளேன் ஏறியிருப்பீக."