கொக்குக்குப் பந்தோபஸ்து

குற்றாலத்துக் குரங்கு யாருக்கும் பயப்படாது. நம் கையிலிருக்கிற சிப்ஸ் பாக்கெட்டைப் பிடுங்கிக்கொண்டு, நம் முகத்தைப் பார்த்தபடியே தின்னும். அந்தக் குரங்கே ஒதுங்கிப்போனது ஒரே ஒரு ஆளைப் பார்த்துத்தான். அவனுக்கு நாங்கள் வைத்த பெயர் ஏட்டையா.

கல்லூரி முடித்த கையோடு வந்தவன், கீழப்பாவூர்க்காரன். அப்பா நிஜமாகவே தென்காசியில் ஏட்டு. மகனும் போலீஸ் தேர்வில் எழுத்து, ஓட்டம், கயிறு எல்லாம் தாண்டிவிட்டான். நடத்தை விசாரணை மட்டும் பாக்கி. அதுவரை சும்மா இருப்பானேன் என்று எங்களோடு இன்டர்ன்ஷிப்புக்கு வந்து சேர்ந்தான். ஊருக்குள் இருக்கிற மரம், பறவை, குளத்தையெல்லாம் பிள்ளைகளுக்குக் காட்டுகிற மையம் அது. பச்சை டி-சர்ட் கொடுப்பார்கள், சர்டிபிகேட் கொடுப்பார்கள், சம்பளம் மட்டும் கொடுக்க மாட்டார்கள். சென்னையிலிருந்து வந்த மேடம் ஒருவர் ஏசி அறையில் உட்கார்ந்து, இயற்கையோடு இயைந்து வாழுங்கள் என்பார். நாங்கள் தலையாட்டிக்கொண்டே செல்ஃபி எடுப்போம். ஏட்டையா மட்டும் எழுந்து நின்று சல்யூட் அடிப்பான்.

பச்சை டி-சர்ட்டுக்குக் கீழே காக்கி பேன்ட், பிரவுன் ஷூ, ஒட்ட வெட்டிய முடி, கழுத்தில் அப்பாவின் பழைய விசில். என்னைவிடச் சின்னவன், ஆனால் என்னைக் கூப்பிடுவது, "ஏம்மா, இங்கன வா." அக்கா என்று சொல்லேன்டா என்றால், பப்ளிக்கை அப்படித்தான் கூப்பிடணும் என்பான்.

பள்ளிப் பிள்ளைகளைத் தெருவில் மரம் பார்க்கக் கூட்டிப்போனால் மரங்களுக்கு அட்டெண்டன்ஸ் எடுப்பான். அவன் புங்கமரம் என்று கத்த வேண்டியது, அதனடியில் நிற்கிற பிள்ளை உள்ளேன் ஐயா என்று சொல்ல வேண்டியது. மேடம் அதை வீடியோ எடுத்து, புதுமையான கற்பித்தல் முறை என்று எங்கெங்கோ அனுப்பிவைத்தார்.

சீசனில் எங்களுக்கு ஐந்தருவியில் வேலை. ஷாம்பு போடாதீர்கள் என்று அட்டையைப் பிடித்துக்கொண்டு, சிரித்த முகமாய் நிற்க வேண்டும். எங்களை ஒரு ஈ, காக்காய் மதிக்கவில்லை. ஏட்டையா ஒரு விசில்தான் அடித்தான். தலை நிறைய நுரையோடு ஒரு மதுரைக்காரர் அருவியை விட்டு வெளியே வந்து, கண் எரிய எரியக் கைகட்டி நின்று, பெயர், ஊர், தொழில் எல்லாம் ஒப்பித்தார். காக்கி பேன்ட்டைப் பார்த்தால் நம் ஜனங்களுக்குக் கேட்காத கேள்விக்கும் பதில் வந்துவிடுகிறது.

இந்தக் கிறுக்கனுக்கு ஒரு பலவீனம் இருந்தது. தென்காசி மார்க்கெட் பக்கத்தில் ரோட்டுக்கு மேலே கவிந்து நிற்கிற ஒரு தூங்குமூஞ்சி மரத்தில் கொக்குகள் கூடு கட்டியிருந்தன. குஞ்சு பொரித்து இன்னும் இறகுகூட முளைக்கவில்லை. கீழே பரோட்டாக் கடை. சாப்பிட வருகிறவர்களின் வண்டியெல்லாம் வெள்ளை வெள்ளையாய் எச்சம். கடைக்கார அண்ணாச்சி, கிளையை வெட்டினால்தான் யாவாரம் நடக்கும் என்று சொல்லிவிட்டார். மேடம் இதற்கு ஒரு கருத்தரங்கம் நடத்தலாம் என்றார். ஏட்டையாவுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. தினமும் போய் அண்ணாந்து நின்று, எல்லாக் குஞ்சும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவான்.

வண்டி நின்றால்தானே எச்சம் விழும் என்று கணக்குப் போட்டான். போலீஸ் ஸ்டேஷன் பின்னால் துருப்பிடித்துக் கிடந்த பேரிகேட்களை யாரையும் கேட்காமல் தூக்கிவந்து மரத்தைச் சுற்றி வைத்துவிட்டான்.

"யாரு வாராவ தம்பி?" என்று கேட்டார் அண்ணாச்சி.

கொக்குக்காக என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். ஆனால் போலீஸ்காரன் காரணம் சொல்லக்கூடாது என்பது அவன் கொள்கை. "மேலிடத்து விஷயம் அண்ணாச்சி. வெளிய சொல்லக்கூடாது" என்றான்.

போதாதா? ஓர் அமைச்சர் வருவதாக மறுநாள் காலைக்குள் தெரு முடிவு செய்துவிட்டது. குழிகளில் மண் விழுந்தது. ரோட்டோரம் பிளீச்சிங் பவுடர் கோடு. அண்ணாச்சி கடைக்கு வெள்ளையடித்து, வரவேற்று ஒரு பிளெக்ஸ் வைத்து, அமைச்சர் படம் வர வேண்டிய இடத்தை மட்டும் காலியாக விட்டிருந்தார். ஸ்டேஷனிலும் விஷயம் தெரியாது. தெரியாது என்று சொன்னால் கேவலம் என்று அவர்களும் ஆள் போட்டுவிட்டார்கள். மரத்தடியில் டூட்டிக்கு நின்றது ஏட்டையாவின் அப்பா.

அதற்கப்புறம்தான் ஏணியும் ரம்பமுமாக ஒரு வண்டி வந்தது. பெரிய மனிதர் கார் வருகிற வழியில் தாழ்ந்த கிளையை வெட்டுவது நம் ஊர்ச் சம்பிரதாயம். ரம்பக்காரர் ஏணியில் கால் வைத்தார். மேலே கொக்குகள் கிடந்து கத்துகின்றன. விஷயம் கேள்விப்பட்டு எங்களோடு வந்திருந்த மேடம், ஈமெயில் போடுகிறேன் என்று போனை நோண்டினார். நான் என்ன செய்தேன்? வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

ஏட்டையா தன் அப்பாவின் முன்னால் போய் விறைப்பாக நின்றான்.

"யாரும் வரலப்பா. பேரிகேட் நான் வச்சது. குஞ்சு பறக்குத வரைக்கும் வண்டி நிக்காம இருக்கட்டும்னு வச்சேன்."

அப்பா அவனை மேலும் கீழும் பார்த்தார். "விசாரணை பாக்கி இருக்குன்னு தெரியும்லா? ஒரு கேசு விழுந்தா உன் வேலை என்னாகும்லே?"

"தெரியும்ப்பா. வெட்டாண்டாம்னு சொல்லுங்க."

சொல்லிவிட்டு அண்ணாந்து குஞ்சுகளை எண்ண ஆரம்பித்தான். அதற்குமேல் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்பா அண்ணாந்து மரத்தைப் பார்த்தார். தொப்பியில் சொத்தென்று வெள்ளையாக ஒன்று விழுந்தது. துடைத்துக்கொண்டார். பிறகு தெருவுக்கே கேட்கிற மாதிரி, "புரோகிராம் கேன்சல். ஏணியை எடுங்க, எல்லாரும் கெளம்புங்க" என்றார்.

கேஸ் இல்லை. ஆனால் பேரிகேட்களை ஒவ்வொன்றாக, பட்டப்பகலில் பஜார் வழியாகத் தலையில் சுமந்து ஸ்டேஷனில் கொண்டுவைக்கச் சொன்னார். அவன் சுமந்துகொண்டிருந்த நேரத்தில் மேடம் எங்களை மரத்தடியில் நிறுத்திப் போட்டோ எடுத்தார். இளைஞர்கள் காப்பாற்றிய மரம் என்று அது மையத்தின் சுவரில் தொங்குகிறது. அதில் காப்பாற்றியவனைத் தவிர எல்லோரும் இருக்கிறோம், நான் நடுவில் பல்லைக் காட்டிக்கொண்டு.

குஞ்சுகள் பறந்துபோயின. அவனுக்கும் வேலை கிடைத்து, எங்கோ வட மாவட்டத்தில் போட்டார்கள். கொக்குகள் மட்டும் வருஷா வருஷம் வருகின்றன. மார்க்கெட்டுக்குப் போனால் வண்டியை நான் அந்த மரத்தடியில்தான் நிறுத்துகிறேன், திரும்பி வந்து திட்டிக்கொண்டே துடைக்கிறேன். பின்னாலிருந்து யாராவது "ஏம்மா, இங்கன வா" என்று அதட்ட மாட்டார்களா என்று ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்க்கிறேன்.