அரைத்தலைத் தீர்மானம்

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளைக்கு,

மச்சான் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அக்காவும் நலம். மகனின் தலையில் வலப்பக்கமும் இப்போது நலம். என் தங்கையும் நீங்களும் குழந்தைகளும் எந்தக் குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போன தடவை நீங்கள் வந்திருந்தபோது சாப்பாட்டு மேசையில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். "விலைங்கறது பேராசை இல்ல மச்சான், அது ஒரு தகவல்" என்று நீங்கள் சொல்ல, "வியாபாரின்னாலே கொள்ளைக்காரன்தான், கல்லூரியில பாடம் எடுக்கறவருக்கு இது தெரியாதா?" என்று நான் மேசையில் ஓங்கிக் குத்த, தண்ணீர் டம்ளர் கவிழ்ந்து தங்கையின் மடியெல்லாம் நனைந்து, நீங்கள் பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோனீர்கள். அதற்கு மன்னிப்புக் கேட்கத்தான் இந்தக் கடிதம். எனக்கு ஏன் திடீரென்று புத்தி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் ஒரு சலூன் இருக்கிறதல்லவா, அதன் சொந்தக்காரர் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் விலையை ஏற்றினார். குடியிருப்போர் சங்கத் தலைவர் என்ற பொறுப்பில் இருந்துகொண்டு இந்த அநியாயத்தைப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? சங்கத்தைக் கூட்டி, ஐந்து வருடத்துக்கு முந்தைய விலைதான் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் கடையைக் காலி செய்ய வேண்டும் என்று தீர்மானம் போட்டேன். கைதட்டல் என்றால் அப்படியொரு கைதட்டல்! சலூன்காரர் "சரிங்கய்யா" என்று போய்விட்டார்.

அடுத்த வாரமே கடை வாசலில் கூட்டம் முட்டிமோதியது. மாதம் ஒரு தடவை வெட்டிக்கொண்டவர்களெல்லாம் வாரம் ஒரு தடவை வந்து உட்கார்ந்தார்கள். வெட்ட ஒன்றுமே இல்லாத மூன்றாம் மாடிக்காரர்கூட, "விலை குறைஞ்சிருக்கு, சும்மா விடுவானேன்?" என்று வரிசையில் நின்றார். கட்டுப்படியாகவில்லை என்று சலூன்காரர் மாலை நேரத்தில் கடையைச் சாத்த ஆரம்பித்தார். கூட வேலை பார்த்தவர் வேறு கடைக்குப் போய்விட்டார். விசிறி நின்றது, பவுடர் நின்றது, கத்தரிக்கோலைச் சாணை பிடிப்பதும் நின்றது. இதெல்லாம் முதலாளியின் சதி என்று நான் மாடிப்படியில் நின்று பிரசங்கம் செய்துகொண்டிருந்தேன்.

இந்த நேரம் பார்த்து மகனுக்கு இன்டர்வியூ வந்தது. இரண்டு வருடமாக அவன் காத்திருந்த வேலை. அதற்கு முதல் நாள் நாலு மணி நேரம் வரிசையில் நின்று ஒருவழியாக நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். இடப்பக்கம் முடிந்து வலப்பக்கம் தொடங்கும்போது அந்தக் கிழட்டு மெஷின் ஒரு உறுமு உறுமிவிட்டு உயிரை விட்டது. வேறு மெஷின் இல்லை. மழுங்கின கத்தரிக்கோல் முடியை வெட்டுவதற்குப் பதில் பிடுங்கியிருக்கிறது. பையன் போட்ட சத்தத்தில் ஐந்தாவது மாடியில் கதவு திறந்ததாம். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தவனைப் பார்த்து உங்கள் அக்கா அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தாள்.

நான் விறுவிறுவென்று கீழே இறங்கிப் போய்க் கத்தினேன். அவர் நிதானமாக நாற்காலியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "ஐயா, என் விலையைக் குறைச்சீங்க. மெஷின் விக்கறவர் விலையையும் குறைச்சீங்களா?"

நான் பேச்சை மாற்றினேன்.

"அதிருக்கட்டும், ஞாயித்துக்கிழமை மட்டும் ஏன்யா ஏத்தின?"

"அன்னிக்குத்தான் எல்லாரும் மொத்தமா வர்றாங்க. உங்கள மாதிரி வீட்ல இருக்கறவங்க செவ்வாய், புதன்ல வந்தா, வேலைக்குப் போறவங்க ஞாயித்துக்கிழமை சீக்கிரம் முடிச்சிட்டுப் போலாம்ல? நான் வாயால சொன்னா கேப்பீங்களா? விலை சொன்னா கேப்பீங்க."

மாப்பிள்ளை, நீங்கள் சொன்ன 'தகவல்' அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. அவருக்கு லாபம் வந்தால் நான் ஏமாந்தேன் என்றல்லவா இத்தனை வருடம் நினைத்தேன்! எனக்கு முடி போக வேண்டியிருந்தது, அவருக்குக் காசு வர வேண்டியிருந்தது. கடையை விட்டு இரண்டு பேரும் லாபத்தோடுதான் பிரிந்திருக்கிறோம். மகன் முழு மொட்டையோடு இன்டர்வியூவுக்குப் போனான். கேள்வி கேட்டவருக்கும் முழு வழுக்கையாம், இருவரும் பார்த்ததும் சிரித்துவிட்டார்களாம். வேலை கிடைத்துவிட்டது. அன்று சாயங்காலமே தீர்மானத்தை ரத்து செய்தேன்.

கதை இதோடு முடியவில்லை. பத்தே நாளில் அதே சலூன்காரர் குழைந்துகொண்டு வீட்டுக்கு வந்தார். பின்பக்கக் கடையை ஒரு அம்மா வாடகைக்குக் கேட்கிறாராம், அவரும் சலூன் வைக்கப் போகிறாராம். "ஒரு கட்டடத்துக்கு ஒரு சலூன் போதும்னு நீங்க ஒரு தீர்மானம் போட்டுடுங்கய்யா. உங்களுக்கு ஆயுசுக்கும் இலவசம்." சந்தைக்குப் பரிந்து பேசுவது வேறு, சந்தையில் உட்கார்ந்திருக்கும் முதலாளிக்குப் பரிந்து பேசுவது வேறு என்று அன்று மேசையில் நீங்கள் தலையில் அடித்துக்கொண்டது ஞாபகம் வந்தது. அவருக்கு ஒரு காப்பி கொடுத்து, "போட்டின்னு வந்தா பாத்துக்கலாம்யா, போங்க" என்று அனுப்பிவைத்தேன். அந்த அம்மா கடை திறந்தார். குழந்தைகளை அழவிடாமல் வெட்டுகிறார். இவரோ புது நாற்காலி, புது மெஷின் வாங்கி, யாரும் சொல்லாமலே விலையையும் கொஞ்சம் இறக்கிவிட்டார். எந்தச் சங்கமும் செய்யாத வேலையைப் பின்பக்கக் கடை செய்துவிட்டது!

ஆகவே மாப்பிள்ளை, தோற்றது நான்தான். அடுத்த விடுமுறைக்குக் கட்டாயம் வாருங்கள். பிளாஸ்டிக் டம்ளர் வாங்கி வைத்திருக்கிறேன். தங்கைக்கு என் அன்பு, குழந்தைகளுக்கு எங்கள் ஆசிகள். நீங்கள் எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருடம் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
திருந்திவிட்ட மச்சான்

பின்குறிப்பு: மிக அவசரம். ஓய்வு பெற்றதிலிருந்து நான் இங்கே பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுத்துவருவதை உங்களிடம் சொன்னதில்லை. இரண்டாம் மாடிக்குப் புதிதாக வந்த பெண் பாதிக் கட்டணத்தில் அதே டியூஷனை ஆரம்பித்துவிட்டாள். என்னுடைய ஆறு பேரில் நாலு பேர் அங்கே போயாச்சு. கல்வி என்பது முடிவெட்டு மாதிரி இல்லை, அதைச் சந்தையில் விடக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை சங்கத்தைக் கூட்டுகிறேன், பலமான காரணங்களோடு ஒரு தீர்மானம் எழுதி உடனே அனுப்பவும். ஐந்தாவது ஆளாக, என்னிடம் படித்துக்கொண்டிருந்த மூத்த மகள் வயிற்றுப் பேத்தியே அங்கே சேர்ந்துவிட்டாள். கேட்டால், "அங்க புரியுது தாத்தா" என்கிறாள்.